விழுந்தால் யார் வீட்டுக்கு?

வேலூர் மண்டித் தெருவில் ஒரு கடை. வசூலுக்குப் பாலக்காடு போன பையன், வசூல் பணத்தில் 500 ரூபாயை உருவி, கேரள அரசின் ஓணம் பம்பர் லாட்டரிச் சீட்டு வாங்கினான். அதற்கு முதல் பரிசு 25 கோடி விழுந்தால் அது யாருக்கு? டீக்கடையில் நான் சும்மா போட்ட கற்பனைக் கணக்குதான். அதற்கு இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. நான் வக்கீல் இல்லை. வேலூர் கோர்ட்டுகளில் 31 வருஷம் கேஸ் கட்டு தூக்கி சிரஸ்தாராக, அதாவது கோர்ட் அலுவலகத் தலைமை ஊழியராக, ஓய்வு பெற்றவன். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

சத்துவாச்சாரியிலிருந்து: சார், பணம் முதலாளியுடையதுதான். ஆனால் நம்பரைப் பொறுக்கி எடுத்தது பையன். அதிர்ஷ்டம் அவனுடையது இல்லையா?

எல்லாரும் சறுக்குகிற இடம் இதுதான். சீட்டு விழாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். 500 ரூபாய் போனது முதலாளிக்கு. பையன் கையை விரித்துவிடுவான். நஷ்டம் அவர் தலையில் என்றால் லாபம் மட்டும் எப்படி இவன் பைக்குப் போகும்? முதலாளி லாட்டரிக் கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர் என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கட்டும். அவரைக் கேட்காமல் அவர் பணத்தை வைத்து ஆடியவன் அதைச் சொல்ல முடியாது.

1882ஆம் வருஷத்து இந்திய டிரஸ்ட் சட்டத்தின் 88ஆம் பிரிவு ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. நம்பி ஒப்படைத்த பொறுப்பில் இருப்பவர் அதை வைத்துத் தனக்கென்று லாபம் பார்த்தால், அந்த லாபத்தை ஒப்படைத்தவருக்காகவே வைத்திருக்க வேண்டும். வசூல் பையன் இதில் மாட்டுவான். தெருவில் போகிற எவனோ கல்லாவில் கைவைத்திருந்தால் இந்தப் பிரிவு அப்படியே பொருந்தாது. வக்கீல்களுக்கு நல்ல வேலை.

குடியாத்தத்திலிருந்து: அண்ணா, 250 அவன் சொந்தப் பணம், 250 கடைப் பணம் என்றால்?

அருமையான கேள்வி. இதற்கு இங்கிலாந்து வரை போக வேண்டும். அப்போது அங்கே உச்ச கோர்ட்டாக இருந்த பிரபுக்கள் சபை 2000ஆம் வருஷம் தீர்த்த ஃபாஸ்கெட் எதிர் மெக்கியோன் வழக்கு. போர்ச்சுகலில் மனை வாங்கப் பலர் கொடுத்த பணத்தைப் பொறுப்பில் வைத்திருந்த ஒருவர், அதிலிருந்து எடுத்துத் தன் ஆயுள் காப்பீட்டுக்குச் சில பிரீமியம் கட்டினார். மற்ற பிரீமியம் அவர் சொந்தப் பணம். 1991ல் அவர் இறந்தபோது சுமார் 10 லட்சம் பவுண்டு வந்தது. பிரீமியத்தை வட்டியோடு திருப்பித் தந்தால் போதுமா, வந்த தொகையிலேயே பங்கா என்பதுதான் சண்டை. ஐந்து நீதிபதிகளில் மூவர் பங்குதான் என்றார்கள்.

அந்தக் கணக்குப்படி உங்கள் கேள்விக்குப் பதில் பாதிக்குப் பாதி. ஆனால் 25 கோடியில் பாதி என்று மனக்கோட்டை கட்ட வேண்டாம். ஏஜென்டுக்கு 10 சதவீதம், அதாவது 2.5 கோடி போகும். மீதி 22.5 கோடியில் 30 சதவீதம் வருமான வரி, 6.75 கோடி. மிஞ்சுவது 15.75 கோடி. அதற்கு மேல் கூடுதல் வரி வேறு.

ஆம்பூரிலிருந்து: குலுக்கலுக்கு முன்னாலேயே முதலாளி "போனா போகுது, சம்பளத்துல கழிச்சுக்கிறேன்" என்று சொல்லியிருந்தால்?

அப்போது கதையே வேறு. அவர் அதைக் கடனாக மாற்றிவிட்டார். கடை நோட்டில் பையன் பெயருக்கு நேரே "500 பற்று" என்று பென்சிலில் கிறுக்கியிருந்தாலே போதும், அந்தக் கிறுக்கல் கோடிக்கணக்கில் பெறும். என் தீர்ப்பு பையன் பக்கம்.

ஆனால் ஒன்று. சீட்டு வாங்கியது தெரிந்து விட்டுக்கொடுத்தாரா? "பசிச்சது, பிரியாணி சாப்பிட்டுட்டேன் மொதலாளி" என்று அவன் அளந்திருந்தால் அந்த மன்னிப்பு பிரியாணிக்குத்தான், சீட்டுக்கு இல்லை.

ராணிப்பேட்டையிலிருந்து: ஐயா, போலீஸ் கேஸ் ஆனால் பரிசு யார் கையில்?

வேலைக்காரர் நம்பிக்கை மோசடி செய்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 316ஆம் பிரிவில் ஏழு வருஷம் வரை சிறை. அது பையன் பாடு. பரிசுப் பணத்துக்கு 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். குற்றத்தால் கிடைத்த சொத்தைக் கோர்ட் முடக்கலாம். பாதிக்கப்பட்டவர்களுக்குக் கலெக்டர் மூலம் பிரித்துக் கொடுக்கலாம். மீதி இருந்தால் அரசுக்கு. முதலாளிக்குப் பாதிப்பு 500 ரூபாய்தான் என்று யாராவது வாதாடினால்? 1968ல் தமிழ்நாடு அரசு லாட்டரி வந்தபோது "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்றார்கள். இங்கே விழுந்தாலும் நாட்டுக்கு! அதனால் முதலாளி சிவில் கோர்ட்டுக்கும் ஓட வேண்டும். கேரளத்தில் சீட்டைக் கொடுக்க 30 நாள்தான் கெடு.

கெடு என்றதும் ஞாபகம் வருகிறது. தொண்ணூறுகளில் ஒரு பர்ஸ் திருட்டு வழக்கில் பர்ஸுக்குள் ஒரு லாட்டரிச் சீட்டும் இருந்தது. பழுப்புக் கவரில் போட்டு, அரக்கு வைத்து, வழக்குச் சொத்து அறையில் வைத்தோம். அதற்கு 100 ரூபாய் விழுந்திருந்தது. வழக்கு முடிந்து கவரைப் பிரித்தபோது கெடு எப்போதோ தாண்டியிருந்தது. சீட்டின் ஓரத்தைக் கரையான் வேறு அரித்திருந்தது.

காட்பாடியிலிருந்து: பிளாட்பாரத்தில் கிடந்த 500 ரூபாயில் வாங்கினால்?

சொந்தக்காரரைத் தேடாமல் செலவழித்தால் அதுவும் குற்றமாகலாம். ஆனால் ரூபாய் நோட்டுக்கு யார் வந்து அடையாளம் சொல்லப்போகிறார்கள்?

பேரணாம்பட்டிலிருந்து: சீட்டு விற்ற கடைக்காரர் அந்த 500ஐத் திருப்பித் தரணுமா?

வேண்டாம். தெரியாமல், நேர்மையாக, சரக்கு கொடுத்து வாங்கிய பணம்.

வாணியம்பாடியிலிருந்து: இங்கேயே மூணு நம்பர் துண்டுச் சீட்டு வாங்கி விழுந்தால்?

2003லிருந்து தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனைக்குத் தடை. மூணு நம்பரைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கும் சீட்டு லாட்டரியே இல்லை, பந்தயம். ஒப்பந்தச் சட்டம் 30ஆம் பிரிவுப்படி பந்தயப் பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது. யாருக்குச் சேரும் என்ற கேள்விக்கே இடமில்லை.

பாகாயத்திலிருந்து ஒரு சகோதரி: அண்ணா, வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து எடுத்த பணத்தில் வாங்கினால்?

வீட்டுச் செலவுக்கு எடுப்பது வழக்கம் என்றால் அது திருட்டே இல்லைம்மா. சீட்டுக்குப் பின்னால் உடனே உங்கள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். சட்டையைத் துவைக்கப் போடும் முன் இன்னொரு தடவை பையைப் பாருங்கள், சீட்டு அங்கேயே இருக்கப் போகிறது.