கணவருக்கு எச்ஐவி, எனக்கு இல்லை: ஆணுறை இல்லாமல் குழந்தைக்கு முயலலாமா?

ஒரு வாசகி கேட்கிறார்: "எனக்கு 29 வயது. என் கணவருக்கு எச்ஐவி இருக்கிறது. மறைக்காமல் சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொண்டார். தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் எடுத்த வைரல் லோடு பரிசோதனையில் வைரஸ் 'கண்டறியப்படவில்லை' என்று வந்திருக்கிறது. இதுவரை ஆணுறையோடுதான் சேர்ந்திருக்கிறோம், எனக்குத் தொற்று இல்லை. இப்போது குழந்தை வேண்டும் என்று இருக்கிறது. ஆணுறை இல்லாமல் சேர்ந்தால் எனக்கு வந்துவிடாதா? நானும் ஏதாவது மாத்திரை சாப்பிட வேண்டுமா? விஷயம் தெரிந்த என் அக்கா வேறு தட்டு, டம்ளர், சோப்பு எல்லாவற்றையும் தனியாக வைக்கச் சொல்கிறாள்."

முயலலாம். ஆனால் அந்த ஒரு ரிப்போர்ட்டை நம்பி இன்றைக்கே ஆணுறையை விட்டுவிட வேண்டாம். அதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில் அக்காவின் தட்டு, டம்ளர் பிரச்சினையை முடித்துவிடுவோம். எச்ஐவி பரவுவது ரத்தம், விந்து, விந்துக்கு முன் கசியும் திரவம், பெண்ணுறுப்பிலும் ஆசனவாயிலும் சுரக்கும் திரவங்கள், தாய்ப்பால் இவற்றின் வழியாகத்தான். எச்சில், வியர்வை, கண்ணீர், கொசுக்கடி, ஒரே கழிப்பறை, ஒரே தட்டு எதிலும் வராது. ஷேவிங் பிளேடு, பல் துலக்கும் பிரஷ் மட்டும் அவரவருக்குத் தனியாக இருக்கட்டும், அதுகூட எச்ஐவியைவிட ஹெபடைட்டிஸை நினைத்துச் சொல்வதுதான், எந்த வீட்டுக்கும் பொருந்தும். இதில் இன்னொன்றும் இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே ஒதுக்கிவைக்கப்பட்ட மனிதர் மாத்திரையை ஒளித்துச் சாப்பிட ஆரம்பிப்பார், ஒளித்துச் சாப்பிடுகிறவர் நாலு பேர் இருக்கும் இடத்தில் வேளை தவறவிடுவார், உங்களுக்கு நிஜமான ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. தட்டைத் தனியாக வைப்பது உங்களைக் காப்பாற்றாது, அவர் விழுங்கும் மாத்திரைதான் காப்பாற்றும்.

இனி அந்த ரிப்போர்ட். வைரல் லோடு என்பது ஒரு மில்லி ரத்தத்தில் எத்தனை வைரஸ் பிரதிகள் இருக்கின்றன என்ற கணக்கு. சிகிச்சையே எடுக்காதவருக்கு இது ஆயிரங்களிலும் லட்சங்களிலும் இருக்கும். ஏஆர்டி என்னும் எச்ஐவி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் கருவியால் எண்ண முடியாத அளவுக்கு இறங்கிவிடும். ரத்தத்தில் அப்படி இறங்கி அங்கேயே நின்றுவிட்டால் உடலுறவின் மூலம் அடுத்தவருக்குப் பரவுவதில்லை. "ஆபத்து குறைவு" என்று மழுப்பிச் சொல்லவில்லை, உலக சுகாதார நிறுவனமே அதைப் பூஜ்யம் என்றுதான் சொல்கிறது. ஐரோப்பாவில் 14 நாடுகளில், ஒருவருக்கு எச்ஐவி இருந்து மற்றவருக்கு இல்லாத 888 ஜோடிகளைப் பின்தொடர்ந்து பார்த்த பார்ட்னர் ஆய்வின் முடிவு 2016-ல் வெளிவந்தது. அவர்கள் ஆணுறை இல்லாமல் சேர்ந்தது சுமார் 58,000 முறை. துணையிடமிருந்து தொற்று வந்தவர் ஒருவர்கூட இல்லை. அந்தக் காலத்தில் 11 பேருக்குப் புதிதாக எச்ஐவி வந்தது உண்மைதான், ஆனால் வைரஸின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது அத்தனையும் வெளியிலிருந்து வந்தவை. இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வருகிறேன்.

அப்படியென்றால் ஏன் பொறுக்கச் சொல்கிறேன்? ஒரு ரிப்போர்ட் அன்றைய நிலையை மட்டும்தான் சொல்லும். குறைந்தது ஆறு மாதமாவது அளவு அப்படியே தங்கியிருக்கிறதா என்று தெரிய வேண்டும். பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு முன் எடுத்ததிலும் "கண்டறியப்படவில்லை" என்றோ, 200-க்குக் கீழான ஓர் எண்ணோ இருந்து, நடுவில் மாத்திரையும் விட்டுப்போகவில்லை என்றால் தாராளமாக முயலலாம். போன மாதம்தான் முதல் தடவையாக இப்படி வந்திருக்கிறது என்றால் இன்னொரு பரிசோதனைவரை ஆணுறை தொடரட்டும். பழைய ரிப்போர்ட்டைத் தேடும்போது சிடி4 எண்ணிக்கையைப் பார்த்துக் குழம்பிவிடாதீர்கள். அது அவருடைய எதிர்ப்புச் சக்தியின் கணக்கு, உங்களுக்குப் பரவுமா பரவாதா என்பதை அது சொல்லாது.

மாத்திரை விட்டுப்போவது என்றதும் பலரும் மறதியை மட்டும்தான் நினைக்கிறார்கள். வேளை தவறாமல் சாப்பிட்டும் மருந்து உடம்பில் சரியாக ஏறாமல் போவதுண்டு. இப்போது பெரும்பாலான இடங்களில் கொடுக்கும் எச்ஐவி மாத்திரையில் டோலுடெக்ராவிர் என்ற மருந்து இருக்கிறது. நெஞ்செரிச்சலுக்கு என்று குடிக்கும் அலுமினியம், மெக்னீசியம் கலந்த ஆன்டாசிட் சிரப் அதைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும், ரத்தத்துக்குப் போகும் அளவு குறைந்துவிடும். அதனால் எச்ஐவி மாத்திரையைப் போட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் சிரப் குடிக்க வேண்டும், சிரப்பை முதலில் குடித்துவிட்டால் ஆறு மணி நேரம் விட்டுத்தான் மாத்திரை. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் வெறும் வயிற்றில் இதே இடைவெளிதான், சாப்பாட்டோடு என்றால் சேர்த்தே போட்டுக்கொள்ளலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் கொடுத்தாலும் டோலுடெக்ராவிர் அளவை மாற்ற வேண்டியிருக்கும். வேறு எந்த டாக்டரிடம் போனாலும் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று சொல்லியே ஆக வேண்டும், கூச்சமாக இருந்தாலும். அப்புறம், "கண்டறியப்படவில்லை" என்றால் குணமாகிவிட்டது என்று நினைத்து நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். வைரஸ் உடம்பில் ஒளிந்துதான் இருக்கிறது, நிறுத்திய சில வாரங்களிலேயே பழையபடி ஏறிவிடும்.

நீங்கள் மாத்திரை சாப்பிட வேண்டுமா என்றால், அவருடைய அளவு நிலையாக இருக்கும்வரை கட்டாயமில்லை. ஆனால் தொற்று இல்லாதவர் முன்கூட்டியே சாப்பிடும் பிரெப் என்ற ஏற்பாடு இருக்கிறது. டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் சேர்ந்த ஒரே மாத்திரை, தினமும் ஒன்று. ஒழுங்காகச் சாப்பிட்டால் உடலுறவு வழியாகத் தொற்றும் ஆபத்தைச் சுமார் 99 சதவீதம் குறைக்கிறது. பெண்களுக்கு முழுப் பாதுகாப்பு வரச் சுமார் 21 நாள் ஆகும், அதுவரை ஆணுறை வேண்டும். கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும்போதும் தொடரலாம். தொடங்குவதற்கு முன் எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சிறுநீரகச் செயல்பாடு மூன்றையும் பார்த்தாக வேண்டும். தினமும் மாத்திரை முடியாது என்பவர்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு ஊசியாக கபோடெக்ராவிரும், ஆறு மாதத்துக்கு ஒரு ஊசியாக லெனகாபவிரும் வந்துவிட்டன. லெனகாபவிரை உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூலையில் பரிந்துரைத்தது.

யாருக்கு பிரெப் என்று என்னைக் கேட்டால், கணவரின் மாத்திரை ஒழுக்கத்தில் சந்தேகம் உள்ளவர்கள், ரிப்போர்ட் இன்னும் நிலைக்காதவர்கள், வெளியே வேறு உறவு இருக்கலாம் என்று நினைப்பவர்கள். மேலே சொன்ன அந்த 11 பேரை நினைத்துப் பாருங்கள். இது எதுவுமே இல்லை, பயம் மட்டும் போகவில்லை என்றால்கூடச் சில மாதங்களுக்குச் சாப்பிடுங்கள், தப்பே இல்லை. பயந்துகொண்டே குழந்தைக்கு முயல்வது இருவருக்கும் கொடுமை.

அப்பாவுக்கு எச்ஐவி என்பதால் குழந்தைக்கு நேரடியாக வராது. அம்மாவுக்குத் தொற்றினால்தான் குழந்தைக்கு ஆபத்து. கர்ப்பத்திலோ பால் கொடுக்கும் காலத்திலோ புதிதாகத் தொற்றுவது மோசம், ஏனென்றால் புதுத் தொற்றில் வைரஸ் அளவு மிக அதிகமாக இருக்கும். அதனால்தான் குழந்தை பிறந்த பிறகும் அவருடைய வைரல் லோடை விடாமல் பார்க்கச் சொல்கிறேன்.

ஆணுறை தொடரும் நாட்களில் தேங்காய் எண்ணெய், வாசலின் எதையும் தடவாதீர்கள், லேடெக்ஸ் எண்ணெயில் இளகிக் கிழியும். நீர் சார்ந்த லூப்ரிகன்ட் மட்டும் போதும்.

சரி, கிழிந்துவிட்டது, அவரும் சில வாரமாக மாத்திரையை விட்டுவிட்டிருக்கிறார் என்றால்? உள்ளே பீய்ச்சிக் கழுவ வேண்டாம், அதனால் பயன் இல்லை, புண்ணாகலாம். 72 மணி நேரத்துக்குள் பெப் என்ற, வைரஸ் உள்ளே போயிருக்கலாம் என்ற நிலையில் தொற்றைத் தடுக்கச் சாப்பிடும் மருந்தைத் தொடங்க வேண்டும், 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் முதல் மாத்திரை உள்ளே போகிறதோ அவ்வளவு நல்லது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாமல் அவசரப் பிரிவுக்கே போங்கள். அவர்கள் முதலில் பரிசோதனை செய்வார்கள், முடிவு தாமதமானால் அதற்காக மருந்தை நிறுத்திவைக்கக் கூடாது. பெப் முடிந்த பிறகு எப்போது திரும்பப் பரிசோதிக்க வேண்டும் என்று அவர்கள் குறித்துக் கொடுக்கும் தேதிகளைத் தவறவிடாதீர்கள்.

முயலத் தொடங்கும் முன் உங்களுக்கும் ஒரு எச்ஐவி பரிசோதனை, இருவருக்கும் சிஃபிலிஸ் முதலான பால்வினை நோய்ப் பரிசோதனைகள் எடுத்துவிடுங்கள். கர்ப்பம் உறுதியானதும் உங்களுக்கு ஒன்று, அதன் பின் டாக்டர் சொல்லும் இடைவெளிகளில். ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் ஆன்டிஜென் (வைரஸின் துணுக்கு), ஆன்டிபாடி (வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்குவது) இரண்டையும் பார்க்கும் பரிசோதனை என்றால் தொற்றிய 18 முதல் 45 நாளுக்குள் காட்டிவிடும். உங்களோடு சேர்ந்து அவரும் சாதாரண எச்ஐவி பரிசோதனை எடுத்தால் அவருக்குப் பாசிட்டிவ் என்றுதான் வரும், அதைப் பார்த்து மாத்திரை வேலை செய்யவில்லை என்று பதற வேண்டாம். அந்தப் பரிசோதனை ஆன்டிபாடியையும் தேடுகிறது, அது உடம்பில் இருந்துகொண்டேதான் இருக்கும். அவருக்குப் பார்க்க வேண்டியது வைரல் லோடு.