கேஸ் போட்டாச்சு, அப்புறமும் குளிரவில்லையே!

கேள்வி: 2011 மாடல் டபுள் கேபின் டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். மார்க்கெட்டிலிருந்து பாலக்காட்டுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் வண்டி. பைபாஸில் 80-ல் போனால் ஏசி நன்றாகக் குளிர்கிறது. செக்போஸ்டிலோ மார்க்கெட்டிலோ நின்றுவிட்டால் ஐந்தே நிமிடத்தில் அனல் காற்று. கேஸ் குறைவு என்று மார்ச்சில் ஒருமுறை, மே மாதம் இன்னொருமுறை போட்டார்கள். இரண்டாவது தடவைக்கு அப்புறம் முன்பைவிட மோசம். இப்போது கம்ப்ரஸரையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா? கேஸ் அழுத்தம் பார்க்கிற கேஜ் மாட்டியிருந்தபோது செல்போனில் எடுத்த படத்தை அனுப்பியிருக்கிறேன்.
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: கொஞ்சம் பொறுங்கள், கம்ப்ரஸர் மேல் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். நீங்கள் படம் எடுத்தது நல்லதாகப் போயிற்று. வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது லோ சைடு (கம்ப்ரஸர் கேஸை உறிஞ்சும் பக்கம்) 55, ஹை சைடு (அழுத்தித் தள்ளும் பக்கம்) 350 பிஎஸ்ஐ என்று முள் காட்டுகிறது. தளர்ந்துபோன கம்ப்ரஸரால் 350 வரைக்கும் தள்ள முடியாது. அது போயிருந்தால் லோ மேலே ஏறி, ஹை கீழே இறங்கி, இரண்டு முள்ளும் ஒன்றையொன்று பார்க்கப் போவதுபோல நெருங்கி நிற்கும். ஆர்134ஏ கேஸ் உள்ள வண்டிக்கு நம் ஊர் வெயிலில் லோ 30-லிருந்து 45, ஹை 200-லிருந்து 275 வரை இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். உங்களுக்கு இரண்டுமே தூக்கலாக இருக்கிறது. அப்படியென்றால் ஒன்று, கண்டென்சரிலிருந்து சூடு வெளியே போகவில்லை. இல்லாவிட்டால் கேஸ் அளவுக்கு மேல் ஏறியிருக்கிறது. உங்கள் வண்டியில் முதலாவது கோளாறுக்கு மருந்து என்று போட்டு இரண்டாவதையும் சேர்த்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கேபினிலிருந்து வாங்கிய சூட்டைக் கேஸ் கொண்டுவந்து கொட்டுகிற இடம், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சர். 80-ல் போகும்போது எதிர்காற்றே அந்த வேலையைப் பார்த்துவிடும், ஃபேன் ஓடுகிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. வண்டி நின்றால்தான் குட்டு வெளிப்படும். "ஓடும்போது ஜில், நின்றால் அனல்" என்று யாராவது சொன்னால் நான் கேஜை எடுப்பதற்கு முன்னால் ஒரு பக்கெட் தண்ணீரைத்தான் எடுப்பேன். நீங்களும் செய்து பாருங்கள். இன்ஜினை ஓடவிட்டு, ஏசியை முழுசாக வைத்து, அது அனல் காற்று அடிக்கத் தொடங்கியதும் முன்பக்க கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள் (வயரிங், பெல்ட் மேல் படாமல்). ஒரு நிமிடத்துக்குள் உள்ளே ஜில்லென்று வந்தால், கேஜ் மாட்டியிருந்தால் ஹை முள் விறுவிறுவென்று இறங்கினால், கோளாறு காற்றோட்டத்தில் என்று பாதிக்கு மேல் உறுதியாகிவிட்டது. அப்புறம் ஒரு பழைய செய்தித்தாளைக் கிரில் முன்னால் பிடியுங்கள். அது உள்பக்கம் இழுக்கப்பட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

ஒட்டவில்லையா, ஃபேனைப் பாருங்கள். உங்கள் மாதிரி வண்டிகள் பலவற்றில் உள்ளே இருக்கும் சிலிகான் எண்ணெயின் பிடிப்பால் இன்ஜினோடு சுற்றும் விஸ்கஸ் ஃபேன் ஒன்று, கண்டென்சருக்குத் தனியாக எலக்ட்ரிக் ஃபேன் ஒன்று இருக்கும். எலக்ட்ரிக் ஃபேன் சுற்றவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, அதுவும் சரியாக இருந்தால் பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்துப் பார்ப்பது. விஸ்கஸ் ஃபேனை, சூடான இன்ஜினை நிறுத்திச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கையால் சுற்றிவிடுங்கள். மூன்று நான்கு சுற்று தாராளமாக ஓடினால் உள்ளே இருந்த சிலிகான் எண்ணெய் போய்விட்டது. ஃபேன் சுற்றுகிறது என்பதற்காகச் சும்மா விட்டுவிடவும் கூடாது. ஒருமுறை எங்கள் பட்டறைக்கு வந்த வண்டியில் புது மோட்டார் நன்றாகவே ஓடியது, ஆனால் தாளைப் பிடித்தால் முகத்தில் வந்து அடித்தது. மாட்டினவர் பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்துவிட்டார், ஃபேன் தலைகீழாகச் சுற்றி ரேடியேட்டர் சூட்டையெல்லாம் கண்டென்சர் மேலேயே ஊதிக்கொண்டிருந்தது. அந்த வண்டிக்காரரும் அதற்குள் இரண்டு முறை கேஸ் போட்டிருந்தார்!

நீங்கள் காய்கறி வண்டி என்பதால் இன்னொன்று. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள சந்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெங்காயச் சருகு, வைக்கோல், பூச்சி எல்லாம் மெத்தை மாதிரி அடைந்திருக்கும், முன்னால் இருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். இன்ஜின் ஆறினபிறகு பின்பக்கமிருந்து முன்னால் வருகிற மாதிரி சாதாரண ஹோஸ் தண்ணீரால் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே வைத்து அடித்தால் கண்டென்சரின் மெல்லிய தகடு (ஃபின்) எல்லாம் மடங்கிப்போகும்.

இதெல்லாம் முடிந்தபிறகு கேஸ். அது டீசல் மாதிரி ஓட ஓடத் தீரும் பொருள் இல்லை. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது, ஒழுகும் இடத்தை அடைக்காமல் நிரப்பினால் அடுத்த சீசனுக்கு மறுபடி வருவீர்கள். கேஸோடு எண்ணெயும் கசிவதால் ஜாயின்ட்டில் தூசி பிடித்துக் கறுப்பாகப் பிசுபிசுக்கும், முதலில் தேட வேண்டியது அந்தப் பிசுக்கைத்தான். ஏற்கெனவே இருந்ததன் தலைமேலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டிருந்தால், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. மெஷின் உள்ள கடையில் முழுவதையும் இழுத்து எடுத்து, குறைந்தது அரை மணி நேரம் வேக்கம் போட்டு (உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் இழுத்து), பம்பை நிறுத்திய பிறகும் முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்து, எடைபோட்டு ஏற்றச் சொல்லுங்கள். எத்தனை கிராம் என்பது பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். முள்ளைப் பார்த்து "போதும்" என்று நிறுத்துகிற கடை வேண்டாம்.

கேள்வி: கிளம்பும்போது ஏசி அருமை. ஒரு மணி நேரம் போனதும் காற்றே வருவதில்லை, ப்ளோயர் சத்தம் மட்டும் கேட்கிறது. டீக்கடையில் அரை மணி நிறுத்திவிட்டு எடுத்தால் மறுபடி சரி.
– வாசகர், தேனி

பதில்: டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர வைக்கிற கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. நீங்கள் டீ குடிக்கிற நேரத்தில் அது உருகிவிடுகிறது, வண்டிக்கு அடியில் அப்போது தண்ணீர் கொட்டியிருக்கும் பாருங்கள். காயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் கம்ப்ரஸரை நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட் (சில வண்டிகளில் சென்சார்) வேலை செய்யவில்லை, அல்லது காயிலிலும் ஃபில்டரிலும் தூசி அடைத்துக் காற்று குறைந்துவிட்டது. முதலில் தூசியைப் பாருங்கள், செலவில்லாத வேலை.

கேள்வி: காலையில் வேலை செய்கிற ஏசி, மத்தியானம் இன்ஜின் நன்றாகச் சூடானதும் நின்றுவிடுகிறது. "டக்" என்ற சத்தமும் கேட்பதில்லை.
– வாசகர், மானாமதுரை

பதில்: அந்த "டக்", கம்ப்ரஸரைப் பெல்ட் புல்லியோடு இணைக்க அதன் முன்னால் உள்ள மேக்னெட் கிளட்ச் ஒட்டும் சத்தம். பழைய வண்டியில் கிளட்ச் தேய்ந்து இடைவெளி கூடிவிடும், சூட்டில் கிளட்ச்சுக்குள் இருக்கும் மின்காந்தக் காயிலின் பலம் குறையும், இரண்டும் சேர்ந்தால் இழுக்காது. ஏசி நின்றிருக்கும் நேரத்தில் கிளட்ச் வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வோல்ட் வந்தும் ஒட்டவில்லை என்றால் உள்ளே இருக்கும் மெல்லிய வாஷர் ஒன்றை எடுத்து இடைவெளியைக் குறைத்தாலே பல வண்டிகள் ஓடிவிடும். வோல்டே வராவிட்டால் ரிலே, பிரஷர் ஸ்விட்ச் பக்கம் போக வேண்டும்.

கேள்வி: கிளீனர் பக்கம் கால் வைக்கிற இடத்தில் மிதியடி எப்போதும் ஈரம்.
– வாசகர், அரியலூர்

பதில்: காயில் தண்ணீர் வெளியே போகிற டியூப் மண்ணால் அடைத்திருக்கும். அடியில் போய்க் குத்திவிடுங்கள், மெல்லிய வயர் போதும்.

கேள்வி: ஏசி கேஸுக்குப் பதிலாகச் சமையல் கேஸ் போட்டால் செலவும் குறைவு, குளிர்ச்சியும் அதிகம் என்கிறார்களே?
– வாசகர், திண்டிவனம்

பதில்: குளிரும், அதில் பொய்யில்லை. உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இருப்பதே பெரும்பாலும் அந்த வகையைச் சேர்ந்த ஐசோபியூட்டேன்தான். ஆனால் ஃப்ரிட்ஜில் அதற்கென்றே செய்த, சீல் வைத்த குழாய்க்குள் சில பத்து கிராம் இருக்கிறது. வண்டியிலோ ஆர்134ஏ-க்காகச் செய்த, ரப்பர் ஹோஸும் ஓ-ரிங்கும் போட்ட லைன், அதுவும் பத்து வருடம் குலுங்கின லைன். கூலிங் காயில் இருப்பது டேஷ்போர்டுக்குள், ஒழுகினால் கண்ணாடி ஏற்றிய கேபினில்தான் நிறையும், பக்கத்திலேயே ப்ளோயர் மோட்டாரும் ஸ்விட்சும் பொறி விடும். நீங்கள் பீடி பற்ற வைக்கிறவரா என்று வேறு கடிதத்தில் எழுதவில்லை.