கூரை திறக்கும் கார் குடும்பத்துக்கு ஆகுமா? காவேரிப்பட்டணம் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் வந்து நான்கு மாதம் ஆகிறது. கூட வேலை செய்பவர் தன்னுடைய 2012 மாடல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் கேப்ரியோவை, அதாவது துணிக்கூரை திறக்கும் காரை, விற்கிறார். உங்களுக்கும் வீட்டில் அவர்களுக்கும் ஆசை. இரண்டு வயதில் பெண் குழந்தை. ஜூனில் அப்பாவும் அம்மாவும் காவேரிப்பட்டணத்திலிருந்து வந்து தங்கப் போகிறார்கள். கூரை திறக்கும் கார் நமக்கு ஒத்துவருமா, அதை எப்படிக் கையாள வேண்டும்?

நான் இப்போது விடுமுறைக்குப் பென்னாகரம் வந்திருக்கிறேன். உங்கள் அப்பாவைக் கிருஷ்ணகிரியில் பார்த்தேன். "மேலே ஒண்ணுமே இல்லாத காராமே, கைக்குழந்தையை வச்சிக்கிட்டு இது தேவைங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதனால் இந்தப் பதில் அவருக்கும் சேர்த்துத்தான்.

ஒத்துவரும். ஆனால் அதற்கு முன் இரண்டு கணக்கைப் பாருங்கள். நம் ஊர் லைசென்ஸ் ஜெர்மனியில் குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். அதன் பிறகு ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம்தான். இந்திய லைசென்ஸை அப்படியே மாற்றித் தர மாட்டார்கள், எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டையும் எழுதித்தான் வாங்க வேண்டும். எழுத்துத் தேர்வு ஆங்கிலத்தில் உண்டு, தமிழிலோ இந்தியிலோ இல்லை. உங்களுக்கு மிச்சம் இரண்டு மாதம். காரைப் பார்க்கப் போவதற்கு முன் ஓட்டுநர் பள்ளியில் பெயரைக் கொடுங்கள்.

இரண்டாவது கணக்கு, அந்தக் காரில் இருப்பது நான்கு சீட். நீங்கள் இருவர், குழந்தை, அப்பா, அம்மா என்றால் ஐந்து பேர். குழந்தையை அம்மா மடியில் வைத்துக்கொள்வது நம் ஊரில் நடக்கும், அங்கே நடக்காது, நடக்கவும் கூடாது. குழந்தைக்குரிய சீட்டும் பெல்ட்டும் இல்லாமல் ஏற்றினால் 60 யூரோ அபராதம், லைசென்ஸ் பதிவில் ஒரு புள்ளி. அபராதத்தை விடுங்கள். மோதும்போது மடியில் இருக்கும் குழந்தையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. எனவே பெரியவர்கள் இருக்கும் மாதங்களில் எல்லோரும் சேர்ந்து போகும் பயணத்துக்கு ரயிலோ வாடகைக் காரோதான்.

இனி அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். சாதாரணக் காரில் கூரை என்பது வெயிலுக்கும் மழைக்கும் போட்ட மூடி மட்டுமில்லை. கார் உருண்டால் உள்ளே இருப்பவர்கள் தலைக்கு மேல் இடம் விட்டு நிற்கும் எலும்புக்கூட்டின் ஒரு பகுதி அது. அதை எடுத்துவிட்டால் அந்த பலத்தை வேறு இடத்தில் கொடுத்தாக வேண்டும். அதனால் கேப்ரியோவில் அடித்தளத்தையும் முன்கண்ணாடியின் இரு பக்கத் தூண்களையும் கனமான இரும்பில் கட்டுகிறார்கள். கூரை இல்லாத கார், கூரை உள்ள அதே காரைவிட எடை கூடுதலாக இருப்பதற்கு இதுதான் காரணம். 1979-இல் வந்த முதல் கோல்ஃப் கேப்ரியோவில் நடுவில் ஒரு வளைவுக் கம்பி நிலையாக நிற்கும். ஜெர்மன்காரர்கள் அதை ஸ்ட்ராபெரிக் கூடை என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். நீங்கள் பார்க்கும் 2012 மாடலில் அந்தக் கம்பி வெளியே தெரியாது. பின்சீட் தலைசாய்ப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கார் கவிழப்போகிறது என்று சென்சார் உணர்ந்தால் கால் நொடியில் மேலே எழும்பி நிற்கும். அதனால் அந்த இடத்தில் பையோ ஜமுக்காளமோ குழந்தையின் பொம்மையோ வைக்கவே கூடாது.

ஆனால் அந்தக் கம்பியும் முன்தூண்களும் தலைக்கு மேல் இடம் விட்டு வைப்பவை மட்டுமே. அந்த இடத்துக்குள் ஆளை நிறுத்தி வைப்பது பெல்ட். பெல்ட் போடாதவர் திறந்த காரிலிருந்து வெளியே வீசப்படுவார். இதை நான் அழுத்திச் சொல்வதற்கு நம் ஊர்ப் பழக்கம்தான் காரணம். ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போகும் குட்டி யானையில் குடும்பமே நின்றுகொண்டு போகிறது. தேர்தல் வந்தால் திறந்த ஜீப்பில் நின்று கும்பிட்டுக்கொண்டு போகிறார்கள். தொப்பூர் கணவாயில் எத்தனை விபத்து பார்த்திருக்கிறோம், அப்படியும் பின்சீட்டில் பெல்ட் போடச் சொன்னால் சிரிக்கிறார்கள். திறந்த காரில் உட்கார்ந்ததும் அந்தப் பழைய ஆசை வரும். மச்சான் யாராவது வந்து, சீட்டின் முதுகு மேல் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுக்கலாம் என்பார். நின்ற காரில் எடுக்கட்டும். சக்கரம் ஓர் அடி உருள்வதற்கு முன் நான்கு பெல்ட்டும் மாட்டியிருக்க வேண்டும்.

துணி விஷயம். 1927-இல் பிரான்சின் நீஸ் நகரில் இசடோரா டங்கன் என்ற புகழ்பெற்ற நடனக்காரர் திறந்த காரில் கிளம்பினார். கழுத்தில் சுற்றியிருந்த நீளமான பட்டுத்துணி சக்கரத்தில் சிக்கியது. அங்கேயே உயிர் போயிற்று. நம் ஊரில் பைக்குக்குச் சேலை கார்டு போடுவதும் இந்தப் பயத்தில்தான். இன்றைய காரில் சக்கரம் மூடியிருக்கிறது என்றாலும், காற்றில் பறக்கும் துப்பட்டா ஓட்டுபவர் முகத்தில் விழுந்தால் போதும். உங்கள் மனைவி துப்பட்டாவைக் கழற்றி வைக்கட்டும், அம்மா முந்தானையை இடுப்பில் செருகி அதன் மேல் பெல்ட் போடட்டும். ஓட்டுபவர் காற்றுக்குப் பயந்து முகத்தைத் துணியால் மறைத்துக்கொள்ளவும் கூடாது. ஓட்டுநரின் முகம் அடையாளம் தெரிய வேண்டும் என்பது அங்கே சட்டம். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போடலாம்.

இனி கூரையை இயக்கும் முறை. அந்தக் காரில் எல்லாம் ஒரே சுவிட்ச், முன்சீட்டுகளுக்கு நடுவில் இருக்கும். திறக்கப் பத்து நொடி கூட ஆகாது, மூடக் கொஞ்சம் கூடுதல். மணிக்கு 30 கிலோமீட்டர் வரை ஓட்டிக்கொண்டே இயக்கலாம் என்று கம்பெனி சொல்கிறது. நான் என் காரை நிறுத்தித்தான் இயக்குவேன், உங்களையும் அதையே செய்யச் சொல்வேன். கூரை மடியும்போது வழக்கமான உயரத்தைவிட மேலே எழும்பித்தான் பின்னால் விழும். தாழ்வான பார்க்கிங் கட்டடத்திலும் மரக்கிளைக்குக் கீழும் அது இடிக்கும். சமதளத்தில் நிறுத்துங்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள், இன்ஜினை ஓட விடுங்கள். எண்ணெய் அழுத்தத்தால் கூரையைத் தூக்கும் ஹைட்ராலிக் மோட்டார் பேட்டரியை நிறைய இழுக்கும், இன்ஜின் அணைந்திருந்தால் கூரை பாதியில் நின்றுவிடலாம். தலைக்கு மேல் பாருங்கள், பின்னால் பாருங்கள், பின்சீட்டில் இருப்பவர்கள் கை மடியில் இருக்கிறதா என்று பாருங்கள். மடியும் சட்டங்களுக்கு நடுவில் விரல் போனால் நசுங்கிவிடும். சுவிட்சை இழுத்துப் பிடித்தால், வேலை முடிந்ததைக் கார் காட்டும் வரை விடாதீர்கள். பாதியில் நின்ற கூரையுடன் ஓட்டினால் காற்று அதைப் பிய்த்துவிடும். அப்படியே விட்டுவிட்டு இறங்கியும் போகக் கூடாது. ஹைட்ராலிக் அழுத்தம் குறைந்தால் கூரை தானாகக் கீழே இறங்கும்.

சாவி எப்போதும் உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும். குழந்தை காரில் இருக்கும்போது பெரியவர் யாராவது கூட இருக்க வேண்டும். கூரை சுவிட்ச், குழந்தையின் கை எட்டும் உயரத்தில்தான் இருக்கிறது.

வேறு மாடல்களில் முறை மாறும். சிலவற்றில் முன்கண்ணாடிக்கு மேலே உள்ள கொக்கியை முதலில் கையால் திருப்பி விடுவிக்க வேண்டும். மடியும் இரும்புக் கூரை கொண்ட கார்களில் கூரை டிக்கிக்குள் போய்ப் படுக்கும். அங்கே ஒரு தடுப்புத் திரை இருக்கும். அதை இழுத்து மாட்டினால்தான் கூரை அசையும், திரைக்கு மேல் பெட்டி வைத்தால் நசுங்கும். கோல்ஃபில் துணிக்கூரை தனி இடத்தில் மடிவதால் டிக்கி கொள்ளளவு குறையாது. 250 லிட்டர்தான், குழந்தையின் தள்ளுவண்டி வைத்தால் அதிலேயே பாதி போய்விடும்.

மழையைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆட்டோபான் என்கிற ஜெர்மன் அதிவேக நெடுஞ்சாலையில் போகும்போது தூறல் விழுந்தால் அந்த வேகத்தில் கூரையை மூட முடியாது. ஓரமாக நிறுத்தி மூடலாமே என்று தோன்றும். ஆட்டோபானின் ஓரப்பாதை பழுதுக்கும் அவசரத்துக்கும் மட்டும்தான், மழைக்காக அங்கே நிறுத்துவது குற்றம். அதைவிட, பின்னால் லாரிகள் வரும் இடம் அது. ஆகவே ஆட்டோபானில் ஏறுவதற்கு முன்பே வானத்தைப் பார்த்து முடிவு செய்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் மூடிக்கொண்டே ஏறுங்கள். நடுவில் மாட்டிக்கொண்டால் அடுத்த பார்க்கிங் வரை நனைந்துகொண்டுதான் போக வேண்டும்.

திறந்த காரில் காற்று முன்னாலிருந்து அடிக்கும் என்று நினைப்போம். அது முன்கண்ணாடியைத் தாண்டிப் போய், சுழன்று பின்பக்கமிருந்து திரும்பி வருகிறது. பின்சீட்டில்தான் அதன் அடி முழுதும் விழும். காற்றுத் தடுப்பு வலை என்று ஒன்று விற்கிறார்கள். அதைப் பின்சீட்டின் மேல்தான் மாட்ட வேண்டும், ஆள் உட்கார்ந்தால் மாட்ட முடியாது. அதனால் அப்பாவையோ அம்மாவையோ பின்னால் வைத்து ஓட்டும்போது நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு, 60, 70-க்கு மேல் போகாதீர்கள். முன்சீட்டில் இருவரும் மாறி மாறி உட்காரட்டும். இரண்டு கதவுக் கார் என்பதால் மூட்டுவலி உள்ளவருக்குப் பின்னால் ஏறுவது கஷ்டம். முதலில் கூரையைத் திறந்துவிட்டால் நிமிர்ந்து நின்றபடியே ஏறி உட்காரலாம்.

குழந்தையின் சீட்டைப் பின்னால், குழந்தை சீட்டுக்கென்றே காரில் இருக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டுங்கள். பின்நோக்கி உட்காரும் சீட் என்றால், ஏர்பேக் அணைக்காத முன்சீட்டில் ஒருபோதும் வைக்கக் கூடாது. ஏர்பேக் வெடிக்கும் வேகம் குழந்தையைக் கொன்றுவிடும். இரண்டு வயதுக் குழந்தையை ஊருக்குள் மெதுவாக, அரை மணி நேரம், காதை மூடும் தொப்பியைக் கட்டிவிட்டுக் கூட்டிப் போகலாம். ஆட்டோபானில் கூரை திறந்து கூட்டிப் போக வேண்டாம். 100-ஐத் தாண்டினால் இரைச்சல் 85 டெசிபலுக்கு மேலும் போகும், பெரியவர்கள் காதுக்கே அது நீண்ட நேரம் ஆகாது. வெயிலையும் குறைத்து எண்ணாதீர்கள். தர்மபுரி வெயில் பார்த்தவனுக்கு இதெல்லாம் என்ன என்று தோன்றும். காற்று குளிர்ச்சியாக அடிப்பதால் சுடுவது தெரியாது, மாலையில் கழுத்தும் முன்நெற்றியும் எரியும். குழந்தைக்குச் சன்ஸ்கிரீன் தடவுங்கள், அப்பாவுக்குத் தொப்பி வாங்கிக் கொடுங்கள்.

துணிக்கூரைப் பராமரிப்பு பெரிய வேலை இல்லை. நனைந்த கூரையை மடித்து வைக்காதீர்கள், ஈரப்பாயைச் சுருட்டி வைத்தது போலப் பூசணம் பிடிக்கும். கழுவும்போது உயர் அழுத்தக் குழாயைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம். இலையுதிர்காலத்தில் கூரையோரத் தண்ணீர் வழிகளில் இலை அடைத்துக்கொள்ளும், எடுத்துவிடுங்கள். கதவைத் திறக்கும்போது ஜன்னல் கண்ணாடி தானாகச் சற்றே கீழே இறங்கும். பனியில் அது ரப்பரோடு ஒட்டிக்கொண்டால் வலுவாக இழுக்காதீர்கள். கடையில் மான்கொழுப்புக் குச்சி என்று விற்கும், குளிர் தொடங்கும் முன் ரப்பரில் தேய்த்துவிட்டால் ஒட்டாது. உறைபனிக் குளிரில் கூரையைத் திறக்கவே வேண்டாம். பலர் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை மட்டும் செல்லும் பருவகால நம்பர் பிளேட் வாங்கிக்கொள்கிறார்கள், வரி அந்த மாதங்களுக்கு மட்டும்தான். ஆனால் மற்ற மாதங்களில் காரைத் தெருவில் நிறுத்தக்கூட முடியாது. சொந்த இடம் இல்லாத உங்களுக்கு அது சரிப்படாது.

இன்ஷூரன்ஸில் முழுக் காப்பீட்டின் விலையையும் கேட்டு வையுங்கள். யாராவது கூரையைக் கத்தியால் கிழித்துவிட்டுப் போனால் அது பகுதிக் காப்பீட்டில் வராது. பார்க் செய்யும்போது கூரையை மூடுங்கள், உள்ளே கண்ணில் படும்படி எதையும் விடாதீர்கள்.

திரும்பி வரும்போது காரைக் கிருஷ்ணகிரிக்குக் கொண்டு வரலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். முடியாது. பழைய கார் என்றால் மூன்று வயதுக்கு மேற்படாததாகவும் வலப்பக்க ஸ்டியரிங் உள்ளதாகவும் இருந்தால்தான் இந்தியாவுக்குள் இறக்கலாம். இது இரண்டும் இல்லை.

சனிக்கிழமை பார்க்கப் போகும்போது, இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கூரையைத் திறந்து மூட வைத்து, மறுபடி திறந்து மூட வைத்துப் பாருங்கள். இழுத்து இழுத்து நகர்கிறதா, ஒரு பக்கம் பின்தங்குகிறதா என்று கவனியுங்கள். டிக்கிக்குள்ளும் பின்சீட்டின் கால் வைக்கும் இடத்திலும் விரிப்பைத் தூக்கிக் கையால் தொட்டுப் பாருங்கள், ஈரமோ பூசண வாசனையோ இருந்தால் வேண்டாம். மின்சாரம் இல்லாதபோது கூரையைக் கையால் மூடும் முறை கையேட்டில் இருக்கும், அதையும் செய்து காட்டச் சொல்லுங்கள். பிறகு ஆடாக் (ADAC) மாதிரி ஒரு வாகன ஓட்டிகள் சங்கத்திடம் கொடுத்துப் பழைய கார் சோதனை செய்து வாங்குங்கள். இதில் எதற்காவது விற்பவர் தயங்கினால் வேறு கார் பார்க்கலாம். அறிக்கையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.