பழைய சேவையைக் கழற்றிப் புதியதை மாட்டலாமா?

புதுச்சேரி, கடலூர் பக்கம் மென்பொருள் வேலை பார்ப்பவர்களிடமும் கல்லூரியில் படிப்பவர்களிடமும் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். பல இணைய சேவைகளைக் கோத்து ஒரு வேலையை முடிப்பது, அதில் ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பது, இவை சரியாக நடக்கும் என்று கணித முறையில் உறுதிசெய்வது ஆகியவைதான் பொருள். பல வருடம் விடுதி புக்கிங் மென்பொருளில் இதே வேலையாக இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு டெவலப்பர்: அண்ணா, எங்கள் பேமென்ட் சேவையை மாற்றப் போகிறோம். புதியதன் ஏபிஐ, அதாவது அதனிடம் கேட்கும் முறை, பழையதைப் போலவே இருக்கிறது. அதே பெயர்கள், அதே வகைகள். முகவரியை மட்டும் மாற்றினால் போதும்தானே?

போதாது தம்பி. இதில் நான் பட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடற்கரைப் பக்கம் இருந்த சில தங்கும் விடுதிகளுக்கு அறை புக்கிங்கை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். பழைய பேமென்ட் சேவையிடம் ‘இவ்வளவு பணம் எடு’ என்று கேட்டால் இரண்டே பதில்தான் வரும்: ‘எடுத்தாச்சு’ அல்லது ‘முடியாது’. கட்டணம் குறைவு என்று வேறொரு சேவைக்கு மாறினோம். கேட்கும் முறை அச்சு அசலாக அதேதான். டெஸ்ட் எல்லாம் பாஸ். ஆனால் புதியது மூன்றாவதாக ஒரு பதிலும் சொல்லும்: ‘பார்த்துக்கொண்டிருக்கிறேன்’. வங்கி மெதுவாக இருக்கும் நேரத்தில் மட்டும் அது வரும் என்பதால் டெஸ்டில் தலைகாட்டவே இல்லை. எங்கள் நிரலோ, ‘முடியாது’ என்று வராவிட்டால் அறையைக் கொடுத்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து வந்த ‘முடியாது’வைக் கேட்க அங்கே ஆளே இல்லை.

சனிக்கிழமை காலை ஒரு விடுதியில் நானே நின்று பார்த்தேன். தோளில் தூங்கும் குழந்தையோடு வந்த ஒருவரிடம் வரவேற்பில் இருந்த பையன் ‘ரூம் இல்லைங்க’ என்றான். அவன் முதுகுக்குப் பின்னால், பணமே வராத அறைகளின் சாவிகள் ஆணியில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. தப்பு எங்களுடையது. அன்றைக்குத்தான் இந்தப் பாடத்தை ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன்.

ஒரு தாளில் வட்டங்கள் வரைந்து பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். ஒவ்வொரு வட்டமும் சேவை இருக்கும் ஒரு நிலை. ஒவ்வொரு அம்பும் ஒரு செய்தி. அம்பின் மேல், செய்தி சேவைக்குள் வருகிறதா, சேவையிலிருந்து வெளியே போகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பழையதற்கு ஒரு படம், புதியதற்கு ஒரு படம். இரண்டின் தொடக்க வட்டத்திலும் ஒவ்வொரு விரல் வையுங்கள். இப்போது இரண்டு கேள்வி. பழையது இந்த இடத்தில் கேட்டுக்கொள்ளும் ஒவ்வொரு செய்தியையும் புதியதும் கேட்டுக்கொள்கிறதா? புதியது இந்த இடத்தில் சொல்லக்கூடிய ஒவ்வொன்றையும் பழையதும் சொல்லியிருக்குமா? இரண்டுக்கும் ஆம் என்றால், விரல்களை ஒரே செய்தியின் அம்பு வழியே அடுத்த ஜோடிக்கு நகர்த்துங்கள். பழையதில் 4 வட்டம், புதியதில் 5 வட்டம் என்றால் அதிகபட்சம் 20 ஜோடி. எங்கள் கதையில் இரண்டாவது ஜோடியிலேயே ‘பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்ற அம்பு துருத்திக்கொண்டு நின்றிருக்கும்.

அதே நண்பர், தொடர்ந்து: அப்படியென்றால் புதிய சேவையில் கூடுதல் வசதி இருப்பதே ஆபத்தா?

எந்தப் பக்கம் கூடுதல் என்பதைப் பொறுத்தது. கூடுதலாகக் கேட்டுக்கொள்வதில் ஆபத்தில்லை. ‘பாதிப் பணம் திருப்பிக் கொடு’ என்ற புதிய கோரிக்கையை அது ஏற்கிறது என்றால் இருந்துவிட்டுப் போகட்டும், நீங்கள் கேட்கப் போவதில்லை. கூடுதலாகப் பேசுவதுதான் சிக்கல். நீங்கள் எதிர்பார்க்காத செய்தி உங்கள் வாசலில் வந்து நிற்கும். அதற்காக ஒன்றுமே பேசாத சேவையும் உதவாது. பதில் வர வேண்டிய இடத்தில் பதில் வந்தே ஆக வேண்டும், அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

இந்த உள்ளே–வெளியே வேறுபாட்டை ‘இடைமுகத் தானியங்கி’ (தானியங்கி என்பது மேலே வரைந்த வட்டம்–அம்புப் படம்தான்) என்ற பெயரில் லூகா டி அல்ஃபாரோவும் தாமஸ் ஹென்சிங்கரும் 2001-ல் ஒழுங்காக வரையறுத்தார்கள். அதற்கு முன்பே 1994-ல் பார்பரா லிஸ்கோவும் ஜனெட் விங்கும் பொருள்நோக்கு நிரலாக்கத்துக்கு இதே போன்ற விதியை எழுதியிருந்தார்கள்: மாற்றாக வருவது, வேலையைத் தொடங்க அதிகமாகக் கேட்கக் கூடாது, முடிக்கும்போது குறைவாகத் தரக் கூடாது.

கடலூர் மஞ்சக்குப்பம், முதுகலை மாணவி: சார், இரண்டு சேவைகளும் வெளிப்படுத்தும் செய்தி வரிசைகளின் பட்டியல் ஒன்றாக இருந்தால் இரண்டும் சமம் என்று சொல்லக் கூடாதா? பைசிமுலேஷன் எதற்கு?

நல்ல கேள்வி. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

திருப்பாதிரிப்புலியூரில் இரண்டு மெஸ் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் மெஸ்ஸில் பணம் கட்டிவிட்டு உட்கார்ந்தால் ‘பொங்கலா, தோசையா?’ என்று கேட்டு எதைச் சொன்னாலும் வைப்பார்கள். இரண்டாவதில் பணம் கட்டும்போதே கல்லாவில் இருப்பவர் ஒரு டோக்கனைக் கிழித்துக் கொடுத்துவிடுவார். அது பொங்கல் டோக்கனா, தோசை டோக்கனா என்பது அவர் கைக்கு எது வருகிறதோ அதுதான். ஒரு மாதம் வாசலில் நின்று குறிப்பெடுத்தால் இரண்டு மெஸ்ஸுக்கும் ஒரே பட்டியல் கிடைக்கும்: பணம்–பொங்கல், பணம்–தோசை. ஆனால் தோசை மட்டும்தான் சாப்பிடுவேன் என்கிறவர் இரண்டாவது மெஸ்ஸில் பணத்தைக் கட்டிவிட்டுப் பட்டினியாக எழுந்து வர நேரலாம்.

வரிசைப் பட்டியல் இந்த வேறுபாட்டைக் காட்டாது. யார், எந்தக் கட்டத்தில் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது அதில் இல்லை. ஒவ்வொரு நிலையிலும் என்னென்ன வழி திறந்திருக்கிறது என்று ஒப்பிட்டால்தான் தெரியும். டேவிட் பார்க் 1981-ல் தந்த பைசிமுலேஷன் அதைத்தான் செய்கிறது; ஒரே நேரத்தில் ஓடும் நிரல்களைக் கணிதக் கோவைகளாக எழுதும் தன் செயல்முறை இயற்கணிதத்தை ராபின் மில்னர் அதன் மேல் வளர்த்தெடுத்தார்.

ஒன்று கவனியுங்கள். இரண்டாவது மெஸ் செய்யும் ஒவ்வொரு அடியையும் முதல் மெஸ் செய்து காட்ட முடியும். திருப்பிப் பார்த்தால் முடியாது. அதனால்தான் மாற்றிவைக்கும் வேலைக்குப் பைசிமுலேஷன் தேவைக்கு மேல் இறுக்கமானது என்பேன். அது இரண்டு பக்கமும் சமம் கேட்கிறது. நமக்கு வேண்டியது ஒருவழி உறவு, அதுவும் உள்ளே–வெளியே பிரித்துப் பார்ப்பது. தேர்வில் இதை எழுதினால் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

அரியாங்குப்பம், டெஸ்டிங் வேலை: தனித்தனியாகச் சோதித்தால் இரண்டு சேவைகளும் நன்றாக இருக்கின்றன. சேர்த்தால் அப்படியே நின்றுவிடுகின்றன. பிழைச் செய்தி கூட இல்லை. ஏன்?

டெட்லாக். விடுதிச் சேவை ‘முன்பணம் வந்தால்தான் உறுதி எண் தருவேன்’ என்கிறது. பணச் சேவை ‘உறுதி எண் இருந்தால்தான் முன்பணம் அனுப்புவேன்’ என்கிறது. இரண்டு பேரும் நியாயமானவர்கள், இரண்டு பேரும் காத்திருக்கிறார்கள்.

இதைப் பார்க்க எனக்குப் பிடித்த கருவி பெட்ரி வலை. கார்ல் ஆடம் பெட்ரி 1962-ல் தன் முனைவர் பட்ட ஆய்வில் கொண்டுவந்தது. இதில் வட்டம் ஒரு நிபந்தனை, கட்டம் ஒரு செயல். வட்டத்தில் புள்ளி இருந்தால் அந்த நிபந்தனை தயார் என்று அர்த்தம். கட்டத்துக்குள் அம்பு விடும் எல்லா வட்டங்களிலும் புள்ளி இருந்தால்தான் கட்டம் இயங்கும். மேலே சொன்ன இரண்டு சேவைகளையும் வரைந்து, முன்பணம், உறுதி எண் என்ற இரண்டு வட்டங்களை நடுவில் வையுங்கள். எந்தக் கட்டமும் இயங்க முடியாமல் புள்ளிகள் உறைந்து நிற்பது கண்ணுக்குத் தெரியும். கணினியில் செய்தால், எட்டக்கூடிய நிலைகளை எல்லாம் விரித்து, முடிவு நிலை அல்லாத, ஆனால் வெளியேற வழியில்லாத நிலை உண்டா என்று தேட வேண்டும்.

செய்திகள் வரிசையில் காத்திருக்கும் முறை என்றால் ஒரு எச்சரிக்கை. வரிசையின் நீளத்துக்கு எல்லை இல்லாவிட்டால், டெட்லாக் வருமா என்று எல்லா நிலைக்கும் பொருந்தும்படி தீர்மானிக்கும் நிரலே எழுத முடியாது. பிராண்டும் ஸாஃபிரோபுலோவும் 1983-ல் நிறுவிய முடிவு இது. அதனால் வரிசைக்கு ஒரு எல்லை வைத்துச் சோதியுங்கள்.

வில்லியனூர்: அமௌன்ட் புலத்தில் பழையதும் முழு எண், புதியதும் முழு எண். ஆனால் ஒருவரிடம் நூறு மடங்கு பணம் எடுத்துவிட்டது!

பழையது பைசாவில் வாங்கியிருக்கும், நீங்கள் அனுப்பிய அதே எண்ணைப் புதியது ரூபாய் என்று எடுத்திருக்கும். வகை பொருந்தினாலும் பொருள் பொருந்தவில்லை. சேவையின் விவரத்தில் பொருளையும் எழுத வேண்டும் என்றுதான் ஓடபிள்யூஎல்-எஸ் போன்ற முயற்சிகள் வந்தன. அது பரவலாக நிலைக்கவில்லை. புலத்தின் பெயரிலேயே ‘பைசாவில்’ என்று எழுதுங்கள், இன்றைக்கே செய்யலாம்.

சிதம்பரம் பக்கம், ஆய்வு மாணவர்: தேவையைச் சொன்னால் இருக்கும் சேவைகளைத் தானாகவே கோத்துத் தரும் முறை உண்மையில் வேலை செய்கிறதா?

கோட்பாட்டில் அழகாக வேலை செய்கிறது. 2003-ல் ரோம் சபியென்சா பல்கலைக்கழகக் குழு ஒன்று தந்த மாதிரி, ‘ரோமன் மாடல்’ என்றே பெயர் பெற்றது. நமக்கு வேண்டிய சேவையை ஒரு தானியங்கியாக எழுதுகிறோம், கையில் இருக்கும் சேவைகளும் தானியங்கிகள். ஒவ்வொரு அடியையும் எந்தச் சேவையிடம் ஒப்படைப்பது என்று சொல்லும் மேலாளர் நிரலைக் கணக்கிட்டு எடுக்க வேண்டும். கடைசியில் இதுவும் மேலே சொன்ன விரல் நகர்த்தும் சோதனையாகவே வந்து நிற்கிறது: எல்லாச் சேவைகளையும் சேர்த்த பெரிய தானியங்கி, நமக்கு வேண்டியதை அடிக்கு அடி செய்துகாட்டுமா?

அந்தப் ‘பெரிய’ என்ற சொல்லில்தான் வலி. சேவைக்கு 5 நிலை வீதம் 10 சேவைகள் என்றால் 97,65,625 நிலைகள். அதனால் உங்கள் ஆய்வில் முழுத் தானியக்கத்தை விட, மனிதர் கோத்ததைச் சரிபார்க்கும் பக்கம் போங்கள். அங்கே பயன் உடனே கைக்கு வரும்.

காலாப்பட்டு: பாடத்திட்டத்தில் இன்னும் பிபெல், யுடிடிஐ எல்லாம் இருக்கிறது. படிக்க வேண்டுமா?

யுடிடிஐ, அதாவது இணைய சேவைகளைத் தேடிக் கண்டுபிடிக்க வைத்த பதிவகத் தரம், இப்போது வரலாறு. ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், எஸ்ஏபி மூன்றும் தங்கள் பொதுப் பதிவகங்களை 2006-லேயே மூடிவிட்டன. பிபெல் என்பது சேவைகளைக் கோக்கும் மொழி; அதன் 2.0 பதிப்பு ஓயாசிஸ் என்ற அமைப்பின் தரமாக வந்தது 2007-ல். புதிய வேலைகளில் அதிகம் காண முடியாது, ஆனால் அதற்காகச் செய்த பெட்ரி வலை ஆய்வுகள் வேலை ஓட்டங்களை வரையும் இன்றைய பிபிஎம்என் படங்களுக்கும் அப்படியே உதவும். தொடரியலை விட்டுவிட்டு அந்தப் பகுதியைப் படியுங்கள்.

நோணாங்குப்பம், சுற்றுலா ஏற்பாடு செய்பவர்: அறை, வாடகை ஸ்கூட்டர், சுண்ணாம்பாறு படகு மூன்றையும் சேர்த்து புக் செய்யும் தளம் எங்களுடையது. படகு கிடைக்காவிட்டால் முதல் இரண்டையும் என்ன செய்வது?

ஒவ்வொரு வேலைக்கும் அதைச் சரிக்கட்டும் வேலை ஒன்றை எழுதிவையுங்கள், பாதியில் நின்றால் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக ஓடவிடுங்கள். முதலில் ஸ்கூட்டர் ரத்து, அப்புறம் அறை ரத்து. ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் 1987-ல் இதற்கு ‘சாகா’ என்று பெயர் வைத்தார்கள்.

ஆனால் சரிக்கட்டுவது வேறு, நடக்காதது போல ஆக்குவது வேறு. அறை ரத்துக்குக் கட்டணம் பிடிப்பார்கள். அனுப்பிய எஸ்எம்எஸ்ஸைத் திரும்ப வாங்க முடியாது. எனவே திரும்ப எடுக்க முடியாததைக் கடைசியில் வையுங்கள், எளிதில் தட்டிப்போகக் கூடியதை முன்னால் வையுங்கள். உங்களுக்குப் படகுதான் சந்தேகம் என்றால் முதலில் படகைக் கேளுங்கள். சேவையை மாற்றும்போது அதன் ரத்து விதியையும் ஒப்பிடுங்கள். எப்போதும் ரத்து ஏற்றுக்கொண்ட ஒன்றுக்குப் பதிலாக, 24 மணி நேரத்துக்கு முன் சொன்னால்தான் ஏற்பேன் என்கிற ஒன்று வந்தால், அது மாற்று ஆகாது.

முதுநகர்: ஒவ்வொரு சேவையும் 99 சதவீதம் இயங்கும் என்று உறுதி தருகிறார்கள். எங்கள் தளம் மட்டும் ஏன் அடிக்கடி விழுகிறது?

உங்கள் தளம் மூன்று சேவைகளை வரிசையாக நம்பினால் 0.99-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும்: சுமார் 97 சதவீதம். வருடத்தில் கிட்டத்தட்ட 11 நாள் நின்றிருக்கும். மாற்றாக இன்னொரு சேவையைத் தயாராக வைத்தால் அந்த ஓர் இடம் 99.99 ஆகும், ஆனால் இரண்டும் தனித்தனிக் காரணத்தால் விழும் என்றால் மட்டுமே. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கரையேறியதைப் பார்த்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு இணைய இணைப்பு வைத்திருந்தாலும் இரண்டு கம்பியும் ஒரே கம்பத்தில் போனால் ஒன்று போலத்தான். உங்கள் மாற்றுச் சேவையும் முதல் சேவையும் ஒரே டேட்டா சென்டரில் இருக்கின்றனவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முத்தியால்பேட்டை: நாங்கள் நான்கே பேர். இதற்கெல்லாம் நேரமில்லை. குறைந்தபட்சம் என்ன செய்யலாம்?

அமேசான் பொறியாளர்கள் 2011 முதல் டிஎல்ஏ பிளஸ் என்ற லெஸ்லி லாம்போர்ட்டின் மொழியில் தங்கள் அமைப்புகளை எழுதிச் சோதித்து வருகிறார்கள். நீங்கள் அங்கிருந்து தொடங்க வேண்டாம். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் எல்டிஎஸ்ஏ என்ற சோதனைக் கருவி இலவசம். பத்து வரியில் ஒரு சேவையை எழுதலாம், டெட்லாக் இருந்தால் அது வரும் வழியை அடி அடியாகக் காட்டும். ஒரு மாலை போதும்.

அதற்கும் நேரமில்லையா? பணம் சம்பந்தப்பட்ட ஒரே ஒரு சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். அது சொல்லக்கூடிய எல்லாப் பதில்களையும் ஆவணத்திலிருந்து ஒரு தாளில் எழுதுங்கள், தாமதமாக வருவது, இரண்டு முறை வருவது, வராமலே போவது உட்பட. ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் நிரலில் எந்த வரி அதைக் கையாள்கிறது என்று எழுதுங்கள். எதிரே ஒன்றும் எழுத முடியாத பதில் ஒன்றாவது வரும். அதை இந்த வாரமே சரிசெய்துவிட்டு, சந்தேகம் இருந்தால் அந்தத் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்க்கிறேன்.