பி.பிளான் சேர்க்கலாமா? கேட்கும் பெற்றோருக்கு

பிளஸ் டூ படிக்கும் மகள் நகரமைப்புத் திட்டமிடல் பட்டப்படிப்பான பி.பிளான் படிக்க வேண்டும் என்கிறாள், வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். ஆனால் பெரிய நிறுவனங்கள் கல்லூரிக்கே வந்து நூற்றுக்கணக்கில் ஆளெடுக்கும் துறை இல்லை இது. அரசுப் பணியா, தனியாரா என்பதை ஓரளவாவது இப்போதே யோசித்துவிடுங்கள்.

மாநில நகரமைப்புத் துறைகளுக்கு 12,000-க்கு மேற்பட்ட திட்டமிடுநர் பணியிடங்கள் தேவை என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை சொன்னது. அனுமதிக்கப்பட்டவை 4,000-க்கும் குறைவு. அதிலும் ஏறக்குறைய பாதி காலி. தேவை இருப்பது வேறு, அறிவிக்கை வருவது வேறு. பல மாநிலங்களில் இந்தப் பதவிக்கு நகரமைப்புப் படிப்பே கட்டாயமில்லை என்பதையும் அதே அறிக்கை குறையாகச் சுட்டியது. ஆகவே டிஎன்பிஎஸ்சி-யின் பழைய அறிவிக்கைகளை எடுத்து, நகர் ஊரமைப்பு உதவி இயக்குநர் போன்ற பதவிகளுக்கான கல்வித் தகுதியை வரி வரியாகப் படியுங்கள். பதவிக்குப் பதவி அது மாறும். அதைப் பார்க்காமல் கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டாம்.

பி.பிளானில் நுழைய முக்கியமான வழி, தேசிய நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினின் தாள் 2பி. டெல்லி, போபால், விஜயவாடாவில் உள்ள எஸ்பிஏ எனும் திட்டமிடல், கட்டடக்கலைக்கான மத்திய அரசு நிறுவனங்களுக்கு இதுதான் வாசல். மொத்தம் 100 கேள்விகள், 400 மதிப்பெண்: கணிதம் 25, உளச்சார்பு (ஆப்டிட்யூட்) 50, திட்டமிடல் 25. தமிழிலும் எழுதலாம். கட்டடக்கலைப் பட்டப்படிப்பான பி.ஆர்க்குக்குரிய தாள் 2ஏ போல ஓவியத் தேர்வு கிடையாது. வழக்கமாக நடக்கும் தவறு, விண்ணப்பத்தில் பொறியியலுக்கான தாள் 1-ஐ மட்டும் தேர்ந்தெடுத்துவிடுவது. பிளஸ் டூவில் கணிதம் கட்டாயம். வணிகக் கணிதம் படித்தவர்கள் அது ஏற்கப்படுமா என்பதை நிறுவனத்திடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. சிவில் அல்லது பி.ஆர்க் முடித்து, பிறகு திட்டமிடலில் முதுகலைப் படிப்பான எம்.பிளான். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளியிலேயே அது இருக்கிறது. மகளுக்கு இன்னும் முழு உறுதி வரவில்லை என்றால் இதுவே பாதுகாப்பு என்பது எங்கள் கருத்து. எந்த வழியானாலும் அந்தப் படிப்புக்கு 1951-இல் தொடங்கிய இந்திய நகரத் திட்டமிடுநர் நிறுவனத்தின் (ஐடிபிஐ) அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வேலை எப்படியிருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 5 ஏக்கர் மனைப்பிரிவு, அதாவது சுமார் 20,200 சதுர மீட்டர். 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். சாலைக்கு 30 சதவீதம் போனால் பூங்காவுக்குச் சுமார் 35 சென்ட் வரும். அந்த 35 சென்ட்டை மழைநீர் தேங்கும் மூலையிலோ, மனை போட முடியாத கோணல் துண்டிலோ தள்ளப் பார்ப்பார்கள். அதைத் தடுத்து, குழந்தைகள் நடந்து போகிற சாலையோரம் கொண்டுவருவதுதான் திட்டமிடுநரின் வேலை. நிலத்தையும் விதியையும் சேர்த்துப் படிக்கப் பொறுமை இருக்கிறவர்களுக்கே இது பிடிக்கும்.

மகளுக்குப் பிடிக்கிறதா என்று பார்க்க இந்த விடுமுறையிலேயே ஒரு பயிற்சி கொடுங்கள். தமிழக அரசின் நில இணையதளத்தில் உங்கள் ஊரின் ஒரு சர்வே எண்ணுக்குப் புல வரைபடத்தையும் (நில எல்லைகளைக் காட்டும் படம்) அ-பதிவேட்டையும் (நிலத்தின் பரப்பு, வகை எழுதியிருக்கும் பதிவேடு) எடுக்கச் சொல்லுங்கள். கியூஜிஐஎஸ் என்பது கணினியில் வரைபடங்களைக் கையாள உதவும் இலவச மென்பொருள். அதில் புல வரைபடத்தைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்த வேண்டும். எல்லைக் கற்கள் படத்தில் தெரியாது. வரப்புச் சந்திப்பு, வாய்க்கால் வளைவு, சாலை முனை என்று குறைந்தது நான்கு புள்ளிகள், நாலு பக்கமும் பரவலாக எடுக்க வேண்டும். ஒரே பக்கம் குவித்தால் மறுபக்கம் விலகிப் போகும்.

பரப்பு அளக்கும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்துக் காட்டும், கூகுள் படத்தின் மெர்கேட்டர் அமைப்பிலேயே சமதளப் பரப்பாக அளந்தால் சென்னைப் பக்கம் சுமார் 5 சதவீதம் கூடுதலாகக் காட்டும். ஏக்கருக்கு 5 சென்ட், அதாவது ஒரு வீட்டு மனை. சரியாக அளக்க, பூமியை மண்டலங்களாகப் பிரிக்கும் யுடிஎம் அமைப்புக்கு மாற வேண்டும். அதில் சென்னை, திருச்சி, மதுரைக்கு மண்டலம் 44. கோவை, தேனி, கன்னியாகுமரிக்கு 43. உங்கள் ஊருக்குரிய மண்டலத்துக்கு மாற்றிவிட்டு அளந்து, அ-பதிவேட்டின் ஹெக்டேர் கணக்கோடு ஒப்பிடட்டும். பதிவேட்டில் ஓடை, வாய்க்கால் என்று இருக்கும் இடத்தில் இன்று என்ன நிற்கிறது என்று நேரில் போய்ப் பார்த்துக் குறித்துவரட்டும். அந்தக் குறிப்பில் அவளுக்கே கேள்விகள் முளைத்தால் தைரியமாகச் சேர்க்கலாம்.

படித்து முடித்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் வெயிலில்தான் போகும்: வீடு வீடாக நிலப்பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, சந்திப்புகளில் வாகன எண்ணிக்கை. முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்கள், கணினி வரைபட வேலை செய்யும் ஜிஐஎஸ் நிறுவனங்கள், மனை மேம்பாட்டாளர்களின் அனுமதிப் பிரிவு ஆகியவை தனியாரில் ஆளெடுக்கும் இடங்கள். சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவாக்கி 2022-இல் ஆணை வந்தது. திருவள்ளூர், காஞ்சிபுரம், ராணிப்பேட்டை பக்கமெல்லாம் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது, இரண்டாம் ஆண்டு மாணவர்கள் களத்தில் எடுத்த வரைபடங்களைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதைக் காட்டத் தயங்குகிற இடத்தில் சேர்க்க வேண்டாம்.