அந்தக் கண்ணுக்கு மூலப்பத்திரம் எங்க?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் பதினஞ்சு வருஷமா பழைய நாணயம், ஸ்டாம்ப் சேர்க்கிறவன். போன மாசம் வெளிநாட்டு ஆன்லைன் ஏலம் ஒண்ணுல எகிப்து தாயத்து ஒண்ணு பார்த்தேன். ஹோரஸ் கண்ணாம், 26வது அரச வம்சமாம், 2,600 வருஷம் பழசாம், கேரண்டி சர்டிபிகேட்டும் தர்றாங்க. நம்ம பணத்துக்கு 68,000 ரூபாய். வீட்ல வச்சா கண் திருஷ்டி அண்டாது, அஞ்சு வருஷத்துல விலை டபுள் ஆகும்னு விக்கிறவர் சொல்றார். போட்டோவும் சர்டிபிகேட்டும் இதோட அனுப்பியிருக்கேன். இது ஒரிஜினல்தானா, வாங்கலாமா? (ஒரு வாசகர், திருப்பூர்)

பதில்: வாங்காதீங்க. காரணத்தைக் கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா பதினஞ்சு வருஷமா நாணயத்தைத் தேடித்தேடி பொறுமையா சேர்த்த ஒருத்தர் இதுல போய் மாட்டிக்கப் போறாரேன்னு எனக்கு நிஜமாவே பதட்டமா இருக்கு.

நீங்க அனுப்புன போட்டோவை பெருசாக்கி ரொம்ப நேரம் பார்த்தேன். கட்டை விரல் நகத்தை விட கொஞ்சம் பெருசு, நீலமும் பச்சையும் கலந்த நிறம், புருவத்தோட ஓரத்துல ஒரு சில்லு பேந்து போயிருக்கு, பேந்த இடத்துல உள்ள வெள்ளையா ரவை மாதிரி தெரியுது. மனுஷக் கண்ணு, மேல புருவம், கீழ நேரா இறங்குற ஒரு கோடு, பக்கத்துல சுருண்டு போற இன்னொரு கோடு, அந்த ரெண்டு கோடும் வல்லூறு முகத்துல இருக்கிற அடையாளம். எகிப்துக்காரங்க இதுக்கு வச்ச பேரு வெட்ஜத், குறையில்லாம முழுசா இருக்கிறதுன்னு அர்த்தம். எகிப்துப் புராணத்துல வல்லூறு முகம் உள்ள சாமி ஹோரஸுக்கும் 'சேத்'ங்கிற இன்னொரு சாமிக்கும் நடந்த சண்டையில ஹோரஸோட கண்ணு போயிடுது, தோத்ங்கிற சாமி அதைத் திரும்ப முழுசாக்கிக் குடுக்கிறார், அதனால போனது திரும்பி வரும், சிதைஞ்சது கூடும்ங்கிற நம்பிக்கை மொத்தமும் இந்த ஒரு கண்ணுல இருக்கு. உயிரோட இருந்தவங்களும் கழுத்துல கோத்துப் போட்டாங்க, செத்தவங்க உடம்போடவும் வச்சு அனுப்புனாங்க. மம்மி செய்யும்போது வயித்தோட இடது பக்கம் கீறித்தான் உள்ளுறுப்பை வெளிய எடுப்பாங்க, அந்தக் கீறலை மூட வச்ச தகட்டுலயும் பல சமயம் இதே கண்ணைத்தான் போட்டிருக்காங்க.

அந்த வெள்ளை ரவை மாதிரி இருக்கிறதுதான் ஃபயான்ஸ். பார்க்க பீங்கான் மாதிரி இருக்கும், ஆனா களிமண் இல்ல. வெள்ளைக் கூழாங்கல்லை நுணுக்கிப் பொடியாக்கி, கொஞ்சம் சுண்ணாம்பு, நேட்ரான் உப்போ செடி எரிச்ச சாம்பலோ, நிறத்துக்குச் செம்பு, எல்லாத்தையும் தண்ணி விட்டுப் பிசைஞ்சு சின்ன மண் அச்சுல வச்சு அழுத்தி எடுப்பாங்க, அது காயக்காய உள்ள இருக்கிற உப்பு தானா மேல பூத்து வரும், சூளையில வச்சா அந்த உப்பே உருகி கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆயிடும். மேல தனியா பூச்சு பூச வேண்டியதே இல்ல. இப்படிப்பட்ட அச்சுங்க எகிப்தோட பழைய தலைநகரம் ஒண்ணான அமர்னாவுல மட்டும் ஆயிரக்கணக்குல கிடைச்சிருக்கு, அதனாலதான் இந்த மாதிரி தாயத்து உலகம் பூரா அவ்வளவு இருக்கு, அதனாலதான் போலி பண்றதும் ரொம்ப ஈஸி. கூழாங்கல்லும் செம்பும் இன்னைக்கும் கிடைக்குது. எகிப்துல லக்சர் ஊர்ப் பக்கம் நூறு வருஷத்துக்கு மேலாவே டூரிஸ்ட்டுக்குன்னு இதைச் செஞ்சு பழசாக்கி விக்கிறாங்க, புதுசா செதுக்குன ஸ்காரப்ங்கிற வண்டு வடிவத் தாயத்தை வான்கோழிக்கு முழுங்க வச்சு அது வெளிய வந்தப்புறம் பழசு மாதிரி விப்பாங்கன்னு அந்தப் பக்கம் ஒரு பழைய கதையே உண்டு. ஆக போட்டோவை வச்சு ஒரிஜினலான்னு நானும் சொல்ல முடியாது, எந்த எக்ஸ்பர்ட்டும் சொல்லக்கூடாது.

ஆனா நீங்க முதல்ல கேட்டிருக்க வேண்டியது அந்தக் கேள்வியே இல்லங்க. திருப்பூர்ல அஞ்சு சென்ட் இடம் வாங்கினா என்ன செய்வீங்க? மண்ணு நல்லாயிருக்கான்னு மட்டுமா பார்ப்பீங்க? மூலப்பத்திரம் எங்கன்னு கேப்பீங்க, வில்லங்கம் போட்டுப் பார்ப்பீங்க, நடுவுல ஒரு பத்திரம் விட்டுப் போயிருந்தாலும் வக்கீல் கையெழுத்துப் போட மாட்டார். இந்தச் சர்டிபிகேட்டை அதே கண்ணோட படிங்க. "இங்கிலாந்தில் ஒரு கனவானின் தனிச் சேகரிப்பு, 1960களில் வாங்கப்பட்டது." அவ்வளவுதான் இருக்கு. எந்தக் கனவான்? யார்கிட்ட வாங்கினார்? ரசீது எங்க? எகிப்தை விட்டு எந்த வருஷம் வெளிய வந்துச்சு, யார் அனுமதி குடுத்தா? ஒண்ணுத்துக்கும் பதில் இல்ல. விக்கிறவரே டைப் பண்ணி விக்கிறவரே கையெழுத்துப் போட்ட பேப்பர் அது, நீங்க மட்டும் அதுக்கு கேரண்டின்னு பேர் வச்சிருக்கீங்க.

முறைப்படி வெளிய வந்த தாயத்தும் உலகத்துல இருக்கு, அதை நான் மறைக்கல. ஒரு காலத்துல எகிப்துல லைசென்ஸ் வாங்கின வியாபாரிங்க வெளிப்படையா வித்தாங்க, கெய்ரோ மியூசியத்துக்குள்ளயே ஒரு விற்பனை அறை இருந்துச்சு, அகழாய்வுக்குப் பணம் போட்ட வெளிநாட்டு மியூசியங்களுக்குப் பங்கு பிரிச்சுக் குடுத்தாங்க. ஆனா அந்தக் காலத்துலயே, 1912ல வந்த சட்டப்படியே, வெளிய கொண்டு போக அரசாங்க அனுமதி வேணும். 1983ல 117ஆம் நம்பர் சட்டம் வந்து வியாபாரத்தையே மொத்தமா மூடிடுச்சு, மண்ணுக்குள்ள இருக்கிறது பூரா அரசாங்கச் சொத்து. அதனாலதான் விக்கிறவங்க எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி '1960கள்'னு எழுதுறாங்க. 1983க்கு முன்னாடி, பழம்பொருள் கடத்தலைத் தடுக்க யுனெஸ்கோ ஒப்பந்தம் வந்த 1970க்கும் முன்னாடி, ரெண்டுல இருந்தும் தப்பிக்கிற வருஷம் அது.

இப்படி வருஷத்தைப் பின்னாடி தள்ளுறது எவ்வளவு சுலபம்னு ஒரு கேஸ் சொல்றேன். ஃபிரெடரிக் ஷுல்ட்ஸ்னு நியூயார்க்ல பெரிய வியாபாரி, பழம்பொருள் வியாபாரிங்க சங்கத்துக்கே தலைவரா இருந்தவர். அவருக்கு எகிப்துல இருந்து சரக்கு கொண்டு வந்து குடுத்தவர் டோக்லி பாரின்னு ஒரு ஆங்கிலேயர். மூணாம் ஆமென்ஹோடெப் ராஜாவோட கல் தலையை பிளாஸ்டிக்ல முக்கி, மேல தங்கக் கலரும் கறுப்பும் அடிச்சு, கடைத்தெருவுல விக்கிற டூரிஸ்ட் பொம்மை மாதிரி ஆக்கி கடத்தினார், அப்புறம் அதையெல்லாம் சுரண்டி எடுத்துட்டு 12 லட்சம் டாலருக்கு வித்தாங்க. கேட்டவங்ககிட்ட இது 1920கள்ல சேர்த்த 'தாமஸ் ஆல்காக் கலெக்‌ஷன்'னு சொன்னாங்க, அப்படி ஒரு கலெக்‌ஷனே கிடையாது, லேபிளை அந்தக் காலத்து டிசைன்ல அடிச்சு டீ தண்ணில நனைச்சுப் பழசாக்கியிருந்தாங்க. 2002ல ஷுல்ட்ஸுக்கு 33 மாசம் ஜெயில். அவ்வளவு ஏன், நியூயார்க் மெட்ரோபொலிடன் மியூசியமே 2017ல கிட்டத்தட்ட 40 லட்சம் டாலர் குடுத்து நெஜெமான்க்னு ஒரு பூசாரியோட தங்க முலாம் பூசின சவப்பெட்டியை வாங்குச்சு, 1971ல எகிப்து குடுத்த ஏற்றுமதி அனுமதின்னு ஒரு பேப்பரை நம்பி. பேப்பர் போலி, பெட்டி எகிப்துல நடந்த 2011 கலவரத்துல மின்யாங்கிற ஊர்ப் பக்கம் திருடினது, 2019ல திருப்பிக் குடுத்துட்டாங்க. உள்ள இருந்த மனுஷன் உடம்பைத் திருடங்க எங்கயோ தூக்கி எறிஞ்சுட்டாங்க. அத்தனை நிபுணர் இருக்கிற இடத்துலயே இந்தக் கதி.

நமக்கு இது தூரத்து விஷயம் இல்ல. ஸ்ரீபுரந்தான் கோயில்ல திருடு போன நடராஜரை ஆஸ்திரேலியா நேஷனல் கேலரி 2008ல அம்பது லட்சம் டாலருக்கு வாங்கினப்ப அவங்க கையிலயும் இதே மாதிரி ஒரு பழைய வருஷம் போட்ட பேப்பர்தான் இருந்துச்சு. நம்ம சாமி 2014ல திரும்பி வந்தார்னா முக்கியமான காரணம், பாண்டிச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்ல கோயிலுக்குள்ள இருந்தப்ப எடுத்த போட்டோ இருந்துச்சு, ஒத்து வச்சுப் பார்த்தாங்க, மறுக்க முடியல.

உங்க தாயத்து விஷயத்துல எனக்கு நெஞ்சை அடைக்கிறது இதுதான். கல்லறைக்குள்ள துணிச்சுத்துக்கு அடியில 2,600 வருஷம் இருந்த பொருளுக்கு யார் போட்டோ எடுத்து வச்சிருப்பா? ராத்திரி குழி தோண்டி, மம்மியைக் கிழிச்சு, கைக்குக் கிடைச்சதை அள்ளிட்டுப் போனா அது திருடு போச்சுன்னு புகார் குடுக்கக்கூட ஆள் இல்ல, ஏன்னா அது இருந்ததே யாருக்கும் தெரியாது. திருட்டுப் பொருள் லிஸ்ட்ல தேடினோம், இல்ல, அதனால சுத்தமான பொருள்னு விக்கிறவர் எழுதியிருக்காரே, அந்த வரிக்கு அர்த்தமே கிடையாது. அது மண்ணுக்கடியில இருந்து வந்திருந்தா லிஸ்ட்ல எப்படி இருக்கும்? நிரூபிக்க வேண்டிய பொறுப்பு எகிப்துக்கு இல்ல, விக்கிறவருக்கு.

இன்னொரு நஷ்டமும் இருக்கு, அதைப் பத்தி ஏலக்காரங்க யாரும் பேச மாட்டாங்க. 1880கள் கடைசியில ஃபிளிண்டர்ஸ் பீட்ரிங்கிற ஆங்கிலேய அகழாய்வாளர் எகிப்துல ஹவாராங்கிற இடத்துல தண்ணி நிறைஞ்ச ஒரு ஆழமான கல்லறைக்குள்ள மாசக்கணக்கா கஷ்டப்பட்டு ஹொருட்ஜாங்கிறவரோட மம்மியை வெளிய கொண்டு வந்தார், துணியைப் பிரிக்கப் பிரிக்க வரிசை வரிசையா தாயத்து, ஒவ்வொண்ணும் உடம்புல எந்த இடத்துல இருந்துச்சுன்னு குறிச்சு வச்சார். பின்னாடி 1914ல தாயத்துக்குன்னே ஒரு புத்தகம் எழுதி அதுல மம்மி மேல எது எங்க இருந்துச்சுன்னு படமாவே போட்டார். நெஞ்சுல வண்டு, கழுத்துல இது, வயித்து மேல அதுன்னு நமக்கு இன்னைக்குத் தெரியுதுன்னா அப்படிக் குறிச்சு வச்சதாலதான். நெஞ்சுல வைக்கிற ஸ்காரப் வண்டுல எழுதியிருக்கிற வேண்டுதல் என்ன தெரியுமா, தீர்ப்பு நாள்ல என் நெஞ்சே எனக்கு எதிரா சாட்சி சொல்லாதேன்னு. எவ்வளவு பயமும் பாசமும் அதுல! தனியா வெல்வெட் பெட்டியில வந்து நிக்கிற கண்ணு யாரோடது, ஆணா பெண்ணா, குழந்தையா, எந்த ஊரு, கூட வேற என்ன இருந்துச்சு, எதுவுமே இனி யாராலயும் சொல்ல முடியாது.

கண் திருஷ்டி பத்தியும் கேட்டிருந்தீங்க. உங்க நம்பிக்கையை நான் குறை சொல்லல. ஆனா யோசிச்சுப் பாருங்க, நம்ம வீட்டுப் பெரியவங்க ஒருத்தர் இறந்து, வழிக்குத் துணையா இருக்கட்டும்னு அவங்க கையில ஒரு கயிறு கட்டி அடக்கம் பண்றோம், அதை எவனோ தோண்டி எடுத்து வித்து, வாங்கினவர் இது என் வீட்டைக் காக்கும்னு பூஜை ரூம்ல வச்சா நமக்கு எப்படி இருக்கும்? உங்க போட்டோவுல இருக்கிறதும் கல்லறையில இருந்து வந்திருந்தா, அதையும் யாரோ ஒரு பிள்ளையோ பொண்டாட்டியோ காசு குடுத்து வாங்கி, முழுசா போய்ச் சேரட்டும்னு உடம்போட வச்சதுதான்.

விலை டபுள் ஆகுங்கிறதுக்கு ரெண்டே வரி போதும். பேப்பர் இல்லாத பொருளை வாங்க நல்ல ஏலக்காரங்களும் மியூசியங்களும் வருஷத்துக்கு வருஷம் பயப்படுறாங்க. நாளைக்கு நீங்க விக்கப் போனா உங்ககிட்டயும் அதே கேள்வியைத்தான் கேப்பாங்க.

ஆசை போகலன்னா லண்டன் பீட்ரி மியூசியம் கிட்டத்தட்ட 80,000 பொருளை இணையத்துல இலவசமா வச்சிருக்கு, வெட்ஜத்னு தேடுங்க, பல பொருளுக்கு எந்த ஊர்ல கிடைச்சதுங்கிறதும் சேர்ந்தே வரும். ஹைதராபாத் மியூசியத்துலயும் கொல்கத்தா மியூசியத்துலயும் மம்மி இருக்கு, 68,000 ரூபாய்க்கு வீட்ல எல்லாரையும் கூட்டிட்டு ரெண்டு ஊரையும் நிதானமா பார்த்துட்டு வரலாம்.

அதுக்கு முன்னாடி இன்னைக்கே விக்கிறவருக்கு ஒரு மெயில் போடுங்க. எகிப்தை விட்டு வெளிய வந்த வருஷம், ஏற்றுமதி அனுமதியோட காப்பி, 1960கள்ல வாங்கினதா சொல்ற ரசீது, அந்தக் கனவானோட பேரு, அவருக்கப்புறம் யார் யார் கைக்கு மாறிச்சு, இவ்வளவும் எழுத்துல வேணும்னு கேளுங்க. என்ன பதில் வருதோ அப்படியே எனக்கு அனுப்புங்க, அடுத்த இதழ்லயே பேசுவோம். அட்வான்ஸ் குடுத்தாச்சுன்னா அதையும் மறைக்காம எழுதுங்க.