ஒரே பின்னில் பட்டனும் எல்இடியும்: பிக் 12எஃப்675-க்கு என்னென்ன சொல்ல வேண்டும்?

கேள்வி: பிக் 12எஃப்675 மைக்ரோகன்ட்ரோலர் சிப்பில் ஜிபி0 என்ற பின்னில் எல்இடி, ஜிபி1-இல் பட்டன் இணைத்திருக்கிறேன். எல்இடி எரிகிறது. ஆனால் பட்டனை அழுத்தினாலும் விட்டாலும் புரோகிராம் 0 என்றே படிக்கிறது. டிரிஸ் ரெஜிஸ்டர் (ரெஜிஸ்டர் என்பது சிப்பின் அமைப்புகளை வைத்திருக்கும் சிறு நினைவிடம்) சரியாகத்தான் இருக்கிறது. இன்னொன்று, பின்கள் போதவில்லை. பட்டனையும் எல்இடியையும் ஒரே பின்னில் வைக்கலாமா?

பதில்: வைக்கலாம். ஆனால் முதல் பிரச்சினையைத் தீர்க்காமல் இரண்டாவதற்குப் போனால் குழப்பம் இரட்டிப்பாகும்.

டிரிஸ் ரெஜிஸ்டர் ஒரு பின்னின் திசையை மட்டுமே சொல்கிறது. அந்தப் பின் யார் கையில் இருக்கிறது என்பதை வேறு ரெஜிஸ்டர்கள் முடிவு செய்கின்றன. 12எஃப்675-இல் ஜிபி0, ஜிபி1, ஜிபி2, ஜிபி4 ஆகிய நான்கும் பவர் கொடுத்தவுடன் அனலாக் உள்ளீடாகவே தொடங்கும். அனலாக் நிலையில் உள்ள பின்னைப் படித்தால் எப்போதும் 0 தான் வரும். அதன் உள் புல்-அப்பும் (பட்டன் அழுத்தாதபோது பின்னைச் சப்ளை பக்கம் இழுத்து 1 ஆக வைக்கும் ரெசிஸ்டர்) தானாக அணைந்துவிடும். வெளியீட்டுக்கு இந்தத் தடை கிடையாது. அதனால்தான் எல்இடி எரிகிறது, பட்டன் மட்டும் படுத்துகிறது.

செய்ய வேண்டியவை: ஆன்செல் ரெஜிஸ்டரில் 0 எழுதுங்கள், அனலாக் விலகும். சிஎம்கான் ரெஜிஸ்டரில் 7 எழுதுங்கள், இரண்டு வோல்டேஜ்களை ஒப்பிடும் கம்பேரேட்டர் விலகும். இரண்டும் வேண்டும், ஒன்றை மட்டும் செய்துவிட்டு விடை தேடுபவர்கள்தான் அதிகம். ஏடிசி (அனலாக்கை எண்ணாக மாற்றும் பகுதி) இல்லாத 12எஃப்629 சிப்புக்கு எழுதிய கோடை அப்படியே எடுத்துப் போட்டால் ஆன்செல் வரியே அதில் இருக்காது. அடுத்து உள் புல்-அப். டபிள்யூபியூ ரெஜிஸ்டரில் அந்தப் பின்னின் பிட் 1 ஆக இருக்க வேண்டும், ஆப்ஷன் ரெஜிஸ்டரின் 7-ஆம் பிட் 0 ஆக வேண்டும். இந்த 7-ஆம் பிட் ரீசெட்டில் 1 ஆக இருப்பதால், எல்லாப் புல்-அப்பும் அணைந்தே தொடங்கும். ஜிபி3-க்கு உள் புல்-அப் கிடையாது. அது உள்ளீடாக மட்டுமே வேலை செய்யும்.

அசெம்ப்ளியில் எழுதுபவர்களுக்கு ஒரு பொறி. ரெஜிஸ்டர்கள் பேங்க் 0, பேங்க் 1 என இரண்டு பகுதிகளில் இருக்கின்றன. ஆன்செல் இருப்பது பேங்க் 1-இல். பேங்க் மாற்ற மறந்து எழுதினால் அந்த 0 ஏடிகான்0 என்ற வேறு ரெஜிஸ்டருக்குப் போய்விடும். சிஎம்கான் இருப்பது பேங்க் 0-இல். பேங்க் 1-இல் நின்றுகொண்டு எழுதினால் அந்த 7 விஆர்கான்-இல் விழும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. சந்தேகம் இருந்தால் பட்டனை விட்டு, பின்னில் மல்டிமீட்டர் வையுங்கள். 5 வோல்ட் சப்ளையில் கிட்டத்தட்ட 5 வோல்ட் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் புல்-அப் இயங்கவில்லை. வெளியில் நீங்களே புல்-அப் ரெசிஸ்டர் போட்டு 5 வோல்ட் வந்தும் 0 என்று படித்தால், பின் இன்னும் அனலாக்தான்.

இனி பகிர்வு. பட்டன்+எல்இடிக்கு ஜிபி2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஷ்மிட் டிரிகர் உள்ளீடு, அதாவது 0-க்கும் 1-க்கும் இடையே தடுமாறாத உள்ளீடு, இருக்கிறது. ஜிபி0, ஜிபி1 இரண்டும் புரோகிராமரின் டேட்டா, கிளாக் லைன்கள். அவற்றில் எதை மாட்டினாலும் புரோகிராம் ஏற்றும்போது இடைஞ்சல் வரலாம்.

சப்ளையிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதிலிருந்து எல்இடியின் ஆனோடு, கேதோடு ஜிபி2-க்கு. அதே ஜிபி2-இலிருந்து 220 ஓம், பிறகு பட்டன், பிறகு கிரவுண்ட். விதி ஒன்றே ஒன்று: இந்தப் பின்னை ஒருபோதும் 1 ஆக ஓட்டாதீர்கள். எல்இடி எரிய வேண்டுமா, பின்னை வெளியீடாக்கி 0 கொடுங்கள். அணைய வேண்டுமா, உள்ளீடாக்கிவிடுங்கள். உள்ளீடாக இருக்கும்போது புல்-அப் பின்னை மேலே இழுக்கும். பட்டன் அழுத்தினால் கீழே வரும்.

220 ஓம் எதற்கு என்றால், தவறிப்போய் பின் 1 ஆகி, பட்டனும் அழுத்தப்பட்டால் நேரடி ஷார்ட் ஆகும். 220 ஓம் இருந்தால் மின்னோட்டம் 23 மில்லியாம்பியருக்குள் நிற்கும். ஒரு பின்னின் உச்ச வரம்பு 25. இந்த 220 ஓமைப் பெரிதாக்கக் கூடாது. 1 கிலோ ஓம் போட்டால், எல்இடி வழியாக வரும் மின்னோட்டம் அதில் விழுந்து பின்னில் ஏறத்தாழ 1.6 வோல்ட் நிற்கும். அது 0 என்று உறுதியாகப் படிக்காது. 220-இல் 0.6 வோல்ட்தான், கவலை இல்லை.

இந்த அமைப்பின் குறை: பட்டனை அழுத்தும்போது எல்இடியும் எரியும். அது ஏற்காத இடத்தில் இந்த வழி வேண்டாம்.

எல்இடி எரிந்துகொண்டிருக்கும்போது பட்டனைப் படிக்க, பின்னை உள்ளீடாக்கி 20 மைக்ரோசெகண்ட் காத்திருந்து, படித்து, திரும்ப வெளியீடாக்குங்கள். 5 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை இதைச் செய்தால் ஒளி குறைவது கண்ணுக்குத் தெரியாது. தொடர்ந்து 4 முறை ஒரே விடை வந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். பட்டனின் துள்ளல் (அழுத்தும்போது தொடுப்பு பலமுறை சேர்ந்து பிரிவது) அதிலேயே அடங்கிவிடும். துள்ளலை அடக்கப் பட்டனுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் போடும் பழக்கம் இங்கே வினையாகும். அது 20 மைக்ரோசெகண்டில் நிரம்பாது. அழுத்தாத பட்டனும் அழுத்தியதாகவே தெரியும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் சிலருக்கு எல்இடி எரிய மறுக்கும். காரணம் நுட்பமானது. எல்லாப் பின்களுக்குமான ஜிபிஐஓ ரெஜிஸ்டரில் ஒரு பிட்டை மட்டும் மாற்றச் சொன்னாலும், சிப் ஆறு பின்களையும் படித்து, அந்த ஒரு பிட்டை மாற்றி, மொத்தத்தையும் திரும்ப எழுதுகிறது. அந்த நேரத்தில் ஜிபி2 உள்ளீடாக இருந்து 5 வோல்ட்டில் நின்றால், அதன் லாட்ச்சில் (வெளியீட்டு மதிப்பை வைத்திருக்கும் இடம்) 1 பதிந்துவிடும். அடுத்தமுறை வெளியீடாக்கும்போது வருவது 0 அல்ல, 1. எல்இடி எரியாது, ஷார்ட் அபாயம் வேறு. ஆகவே டிரிஸ் பிட்டை 0 ஆக்குவதற்குச் சற்று முன், ஒவ்வொரு முறையும், ஜிபி2-இன் லாட்ச்சை 0 ஆக்குங்கள். இன்னும் உறுதியான வழி: வெளியீடுகளின் நிலையை ரேமில் ஒரு பைட்டில் வைத்து, மாற்றங்களை அங்கே செய்து, முழு பைட்டையும் ஜிபிஐஓ-வுக்கு எழுதுவது. இன்டரப்டில் (நடக்கும் வேலையை இடைநிறுத்தி ஓடும் புரோகிராம் பகுதி) இன்னொரு பின்னைத் தொடுகிறீர்கள் என்றால் இரண்டாவது வழிதான் சரி. பைட்டை மாற்றி எழுதி முடிக்கும்வரை இன்டரப்டை நிறுத்தியும் வையுங்கள்.

12எஃப்1822 போன்ற பிற்காலச் சிப்புகளில் வெளியீட்டுக்கெனத் தனி லாட் ரெஜிஸ்டர் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. அனலாக்காகத் தொடங்குவது மட்டும் அங்கேயும் உண்டு.

இன்னும் பின் வேண்டுமென்றால் ஜிபி4, ஜிபி5. கான்ஃபிகரேஷனில் உள் ஆசிலேட்டரை (சிப்பின் கிளாக்கை உண்டாக்கும் பகுதி), கிளாக் வெளியே வராத வகையாகத் தேர்ந்தெடுங்கள். மற்ற வகையில் ஜிபி4-இல் கிளாக் வெளிவரும், உங்கள் டிரிஸ் அங்கே செல்லாது. ஜிபி3 பின்னின் ரீசெட் வேலையான எம்சிஎல்ஆர்-ஐ அணைத்து ஜிபி3-ஐயும் உள்ளீடாக்கினால், மறுமுறை புரோகிராம் செய்ய, சப்ளைக்கு முன் விபிபி (புரோகிராம் செய்வதற்கான வோல்டேஜ்) கொடுக்கும் வசதி புரோகிராமரில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.